சிறு கணினிப் பெட்டி: பவர் சப்ளையிலிருந்து தொடங்கும் வடிவமைப்பு

மினி ஐடிஎக்ஸ் எனப்படும் சிறு சதுர மதர்போர்டும் அதன் மேல் 47 மி.மீ. உயரக் கூலரும், 267 மி.மீ. நீளமுள்ள இரண்டு ஸ்லாட் கிராபிக்ஸ் கார்டு, எஸ்எஃப்எக்ஸ் என்ற சிறு வடிவப் பவர் சப்ளை ஒன்று. இவற்றின் கன அளவைத் தனித்தனியே கணக்கிட்டுக் கூட்டினால் ஏறத்தாழ 3.6 லிட்டர்தான் வருகிறது. ஆனால் இவை சூடேறாமல், வயர் நசுங்காமல் இயங்க வேண்டுமானால் பெட்டி 8 லிட்டரைத் தாண்டிவிடும். பாதிக்கும் மேற்பட்ட இடத்தை வயர்களின் வளைவும் காற்றின் பாதையும் எடுத்துக்கொள்கின்றன. முதன்முறை பெட்டி வரைபவர்கள் பாகங்களை நெருக்கமாக அடுக்கிவிட்டு, இந்த இடத்தை மிச்சம் கிடைப்பதாக விட்டுவிடுகிறார்கள். சிறு பெட்டிகள் பெரும்பாலும் தோற்பது இங்கேதான். வயர் எந்தப் பக்கம் வெளிவருகிறது, எவ்வளவு வளைய வேண்டும், சூடு எங்கே கிளம்புகிறது என்பதையெல்லாம் பவர் சப்ளை தீர்மானிப்பதால், வரையத் தொடங்கும் முன்பே அதைத் தேர்ந்துவிட வேண்டும்.

எத்தனை வாட் வேண்டும்?

பிராசசரின் பெயரோடு அச்சிடப்படும் டிடிபி (வெப்ப வடிவமைப்பு அளவு) எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. ஏஎம்டியின் 65 வாட் பிராசசர்கள் இயல்பான அமைப்பில் சாக்கெட் வழியாக 88 வாட் வரை இழுக்கும். 105 வாட் என்று குறிக்கப்பட்டவை 142 வாட் வரை போகும். இன்டெலின் 65 வாட் பிராசசர்கள் சிலவற்றில் குறுகிய நேர உச்ச வரம்பு 200 வாட்டையும் தாண்டும். நம் எடுத்துக்காட்டில் பிராசசருக்கு 88, கிராபிக்ஸ் கார்டுக்கு 220, மதர்போர்டு, ரேம், எஸ்எஸ்டி, ஃபேன்களுக்கு 45 என்று வைத்தால் மொத்தம் 353 வாட்.

இதைப் பார்த்தால் 450 வாட் போதும் என்றே தோன்றும். தொடர்ச்சியான சுமைக்கு அது போதும். சிக்கல், கிராபிக்ஸ் கார்டு மைக்ரோ நொடிகளில் இழுக்கும் திடீர் உச்சங்களில் இருக்கிறது. சிப்பின் சுமை மாறும்போது கார்டு தன் சராசரியைப் போல இரு மடங்கை ஒரு கணம் இழுக்கலாம். 220 வாட் கார்டு 440 வாட்டைத் தொடும் அந்தக் கணத்தில் மொத்தச் சுமை 573 வாட். பவர் சப்ளைக்குள் இருக்கும் மிகை மின்னோட்டப் பாதுகாப்பு இதைக் கோளாறு என்று எடுத்துக்கொண்டால் கணினி நீலத் திரைகூடக் காட்டாமல் சட்டென்று அணைந்துவிடும். விளையாட்டின் நடுவே இப்படி அணைந்தால் பலரும் ரேமையும் டிரைவரையும் சந்தேகிக்கிறார்கள். மூலம் பெரும்பாலும் இதுதான்.

பவர் சப்ளைகளுக்காக 2022-இல் வந்த ஏடிஎக்ஸ் 3.0 விதிமுறை இந்த உச்சங்களுக்கு ஒரு வரம்பு வகுத்தது. 450 வாட்டுக்கு மேற்பட்ட, கிராபிக்ஸ் கார்டுக்கான 16 ஊசிக் கனெக்டர் கொண்ட பவர் சப்ளை, தன் அளவீட்டின் 200 சதவீதத்தை 100 மைக்ரோ நொடிக்கும், 160 சதவீதத்தை 10 மில்லி நொடிக்கும் தாங்க வேண்டும். அந்த விதிக்கு உட்பட்ட 600 வாட் எஸ்எஃப்எக்ஸ், நம் எடுத்துக்காட்டுக்குச் சரியான தேர்வு. 850 வாட் வாங்குவதால் கெடுதல் இல்லை, ஆனால் இந்தச் சுமைக்குத் தேவையும் இல்லை.

சுவரிலிருந்து இழுப்பதில் எத்தனை சதவீதம் வெளியே வருகிறது என்ற திறன் தரம், சிறு பெட்டியில் மின் கட்டணத்தைவிடச் சூட்டையே அதிகம் பாதிக்கிறது. 353 வாட்டை வெளியே தர, 85 சதவீதத் திறனுள்ள பவர் சப்ளை 415 வாட்டை இழுத்து 62 வாட்டைச் சூடாக்கும். 90 சதவீதத் திறனுள்ளது 39 வாட்டை மட்டும் சூடாக்கும். இந்த 23 வாட் வேறுபாடு, பெரிய பெட்டியில் கண்ணில் படாது, 92 மி.மீ. ஃபேன் ஒன்றே குளிர்விக்கும் இடத்தில் இரைச்சலாகக் காதில் விழும். எத்தனை டிகிரி வரை முழு வாட்டையும் தரும் என்பதையும் பாருங்கள். சில பவர் சப்ளைகள் 40 டிகிரி செல்சியஸ் வரைதான் உறுதி தருகின்றன, சில 50 வரை தருகின்றன. நெருக்கமான பெட்டிக்கு இரண்டாவது வகைதான். உள்ளே உள்ள மின்பகு மின்தேக்கிகளின் ஆயுள், ஒவ்வொரு 10 டிகிரி கூடுதலுக்கும் ஏறத்தாழ பாதியாகக் குறையும்.

எந்த வடிவம்?

வழக்கமான ஏடிஎக்ஸ் பவர் சப்ளை 150 மி.மீ. அகலமும் 86 மி.மீ. உயரமும் கொண்டது, நீளம் 140 மி.மீ. முதல் தொடங்கும். 10 லிட்டருக்குக் கீழ் இதை நினைக்கவே வேண்டாம். எஸ்எஃப்எக்ஸ் 125 × 63.5 × 100 மி.மீ. அதையே 130 மி.மீ. நீளமாக்கியது எஸ்எஃப்எக்ஸ்-எல், 120 மி.மீ. ஃபேன் கிடைப்பதால் சற்று அமைதியானது, ஆனால் அந்த 30 மி.மீ. வயர் வளைய விட்ட இடத்திலிருந்துதான் போகும். ஃபிளெக்ஸ் ஏடிஎக்ஸ் 81.5 × 40.5 × 150 மி.மீ. மெலிந்த பெட்டிக்கு நன்றாகப் பொருந்தும். அதன் 40 மி.மீ. ஃபேன், சுமை ஏறும்போது கீச்சென்று கத்தும். மேசை மேல் வைக்கும் கணினியில் இது பெரிய குறை.

கிராபிக்ஸ் கார்டு இல்லாத பெட்டிக்கு வெளி அடாப்டரும் மதர்போர்டின் 24 ஊசி சாக்கெட்டில் நேராகச் செருகும் சிறு மாற்றிப் பலகையும் போதும். இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 12 வோல்ட்டை வாங்கி அப்படியே கடத்திவிடும் பலகைகள் 5, 3.3 வோல்ட்களை மட்டுமே உருவாக்குகின்றன. 12 வோல்ட்டின் தரம் முழுக்க அடாப்டரைப் பொறுத்தது. ஏற்கப்படும் எல்லை 11.4 முதல் 12.6 வோல்ட். மலிவான அடாப்டர் முழுச் சுமையில் 11.4-க்குக் கீழே விழுந்தால் கணினி நிலையில்லாமல் போகும். அத்தகைய பலகையில் மடிக்கணினியின் 19 வோல்ட் அடாப்டரைச் செருகினால், 12 வோல்ட் வழியில் உள்ள எல்லாமே போய்விடும்.

மேற்கண்ட எடுத்துக்காட்டுக்கு எஸ்எஃப்எக்ஸ் என்று முடிவு செய்தபின் பெட்டியின் அளவு தானாகவே வடிவெடுக்கிறது. மதர்போர்டையும் கிராபிக்ஸ் கார்டையும் நடுத்தகட்டின் இருபுறமும் முதுகோடு முதுகாக நிறுத்தி, ரைசர் கேபிளால் (கார்டை ஸ்லாட்டோடு சேர்க்கும் நீட்டிப்புக் கேபிள்) இணைக்கும் அமைப்பை எடுத்துக்கொள்வோம். மதர்போர்டு அறையின் ஆழம்: ஸ்டாண்ட்ஆஃப் (பலகையைத் தாங்கும் குட்டித் தூண்) 6.35, பலகை 1.6, சாக்கெட்டோடு பிராசசரின் உயரம் 7 முதல் 8, கூலர் 47, ஃபேனுக்கும் பக்கத் தகட்டுக்கும் இடையே 10. மொத்தம் 73 மி.மீ. அளவில் நிற்கும். பிராசசரின் உயரத்தைக் கணக்கில் விடுவது அடிக்கடி நடக்கும் பிழை. கூலரின் உயரத்தை அதன் அடித்தளத்திலிருந்து அளக்கிறார்கள். அந்த அடித்தளமோ பலகைக்கு மேலே, பிராசசரின் மூடியில் அமர்கிறது. 63.5 மி.மீ. தடிமனுள்ள எஸ்எஃப்எக்ஸ் இதே 73 மி.மீ. அறையில் பக்கவாட்டில் படுத்துக்கொள்ளும். இந்த இரண்டும் இப்படிப் பொருந்துவதால்தான் இந்த அமைப்பு இவ்வளவு பரவலாகியிருக்கிறது.

கிராபிக்ஸ் கார்டு அறைக்கு 50, நடுத்தகட்டுக்கும் ரைசர் வளைவுக்கும் 8, இரு பக்கத் தகடுகளுக்கும் சேர்த்து 3. அகலம் 134 மி.மீ. ஆகிறது. நீளத்தில் மதர்போர்டு 170, வயருக்கு 40, பவர் சப்ளை 100, அதன் பின்னால் வளைந்த ஏசி பிளக்குக்கு 25, தகடுகள் 3. ஆக 338, அதை 340 என்று எடுக்கலாம். உயரம் 190. பெருக்கினால் 8.7 லிட்டர் கிடைக்கிறது. இதில் வயருக்கு விட்ட 40 மி.மீ.-ஐ 20 ஆக்கி அரை லிட்டர் மிச்சம் பிடிக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். செய்யக் கூடாது. 24 ஊசிக் கேபிளின் வயர்க் கற்றை விறைப்பானது. கனெக்டரை ஒட்டியே மடக்கினால் உள்ளே ஊசி பிடி தளர்ந்து, தொடர்பு மோசமாகி, அந்த இடமே சூடேறும். 16 ஊசிக் கனெக்டருக்கு முதல் 35 மி.மீ. வளைவில்லாமல் நேராக வருவது நல்லது.

வயரும் காற்றும்

பவர் சப்ளையோடு வரும் கேபிள்கள் சிறு பெட்டிக்கு நீளம் அதிகம். மிஞ்சிய நீளத்தைச் சுருட்டி வைக்கும் இடமே அரை லிட்டரைத் தின்றுவிடும், ஆகவே அளவுக்குச் செய்த கேபிள்களுக்குச் செலவழிப்பது வீண் அல்ல. குறுகிய வயரில் மின்னழுத்த இழப்பும் குறையும். 18 கேஜ் தடிமனுள்ள செம்பு வயரின் தடை ஒரு மீட்டருக்கு ஏறத்தாழ 0.021 ஓம். அரை மீட்டர் நீள ஜோடி ஒன்றில் 20 ஆம்பியர் ஓடினால் 0.42 வோல்ட் இழப்பு, 8 வாட்டுக்கு மேல் சூடு. அதையே மூன்று ஜோடிகளில் பிரித்தால் இழப்பு 0.14 வோல்ட்டாக இறங்கும். கார்டுக்கு மின்சாரம் தரும் 8 ஊசி பிசிஐஇ கனெக்டரில் மூன்று 12 வோல்ட் வயர்கள் இருப்பது இதற்காகத்தான். அதன் 150 வாட்டை மூன்றும் ஆளுக்கு 4.2 ஆம்பியராகப் பகிர்ந்துகொள்கின்றன.

கேபிளின் மதர்போர்டு முனையில் ஊசி வரிசை எல்லாருக்கும் பொதுவானது. பவர் சப்ளை முனைக்கு அப்படிப் பொது விதி கிடையாது. ஒரு நிறுவனத்தின் இரண்டு மாடல்களுக்கிடையிலேயே அது மாறலாம். வேறு பவர் சப்ளையின் கேபிள் அச்சாகப் பொருந்தும், 5 வோல்ட் வழியில் 12 வோல்ட்டைக் கொண்டுபோய் எஸ்எஸ்டியை எரித்துவிடும். புதுக் கேபிள் செய்தாலோ வாங்கினாலோ எதையும் இணைக்கும் முன் மல்டிமீட்டரால் சோதியுங்கள். 24 ஊசிக் கனெக்டரில் 16-ஆம் ஊசியைப் பக்கத்து கிரவுண்ட் ஊசியோடு இணைத்தால் பவர் சப்ளை தனியாக ஓடும். ஒவ்வொரு கனெக்டரிலும் 12, 5, 3.3 வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கின்றனவா என்று பார்க்கலாம். 13-ஆம் ஊசியில் 3.3 வோல்ட் வயரோடு ஒரு மெல்லிய உணர் வயரும் சேர்வதுண்டு. அதைத் தேவையில்லை என்று வெட்டிவிட்டால் பவர் சப்ளை சரியான அழுத்தத்தைத் தராது, சில கிளம்பவே கிளம்பாது. பவர் சப்ளையின் மூடியை மட்டும் ஒருபோதும் திறக்க வேண்டாம். உள்ளே உள்ள பெரிய மின்தேக்கி, பிளக்கைப் பிடுங்கிய பின்னும் 300 வோல்ட்டுக்கு மேல் வைத்திருக்கக்கூடும்.

காற்றுக்கு ஒரு எளிய கணக்கு இருக்கிறது. மணிக்குத் தேவையான கன மீட்டர், ஏறத்தாழ வாட்டை மூன்றால் பெருக்கி, அனுமதிக்கும் வெப்ப உயர்வால் வகுத்தது. 353 வாட்டுக்கு 10 டிகிரி உயர்வு போதுமென்றால் மணிக்கு 106 கன மீட்டர் காற்று வேண்டும். 15 டிகிரிக்குச் சம்மதித்தால் 71. ஃபேன் அட்டையில் அச்சிட்ட எண் எந்தத் தடையும் இல்லாத நிலையில் எடுத்தது. அதனால் தகட்டின் துளையைத் தாராளமாக வைப்பது முக்கியம். 4 மி.மீ. இடைவெளியில் 3 மி.மீ. வட்டத் துளைகளை அடுத்தடுத்த வரிசைகளில் மாற்றி அமைத்தால் 51 சதவீதம் திறந்திருக்கும். 4 மி.மீ. அறுகோணத் துளைகளுக்கு நடுவே 1 மி.மீ. தகடு விட்டால் 64 சதவீதம். ஃபேனை இந்த வலையோடு ஒட்டி வைத்தால் முனகல் கேட்கும், அதனால்தான் மேலே 10 மி.மீ. விட்டோம். அந்த இடைவெளியின் ஓரங்களில் ஒரு நுரைப் பட்டையை ஒட்டினால், வெளியேறிய சூடான காற்றையே கூலர் மறுபடி இழுப்பது நிற்கும். பவர் சப்ளையின் ஃபேனும் வெளிச்சுவரைப் பார்த்தே நிற்க வேண்டும். மதர்போர்டு பக்கம் திருப்பினால் பிராசசரின் சூட்டை அது விழுங்கத் தொடங்கும்.

தகட்டு வேலையில் சில எண்கள் பிழையை மிச்சப்படுத்தும். மினி ஐடிஎக்ஸ் துளைகள் செவ்வகமாக இல்லை: அகலம் 157.48 மி.மீ., ஒரு பக்கம் 154.94, மறு பக்கம் 132.08. பின்புறப் போர்ட்டுகளின் வரிசையில் உள்ள இரு துளைகளில் ஒன்று 22.86 மி.மீ. உள்ளே தள்ளியிருக்கிறது. போர்ட் திறப்பு 158.75 × 44.45 மி.மீ. அலுமினியக் கலவைகளில் 5052 எளிதாக வளையும். 6061-டி6 கூர்மையாக வளைத்தால் விரிசல் விடும். துளையின் விளிம்பு வளைவிலிருந்து தகட்டுத் தடிமனின் இரு மடங்கோடு வளைவின் ஆரத்தைக் கூட்டிய தூரத்துக்காவது தள்ளியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் வட்டம் முட்டையாகிவிடும். 1.5 மி.மீ. தகட்டில் நேரடியாக எம்3 (3 மி.மீ. திருகு) மரை வெட்டினால் மூன்றே சுற்றுகள்தான் பிடிக்கும். இரண்டு முறை திருகைக் கழற்றினாலே மரை போய்விடும், அழுத்திப் பதிக்கும் நட்டு வைத்துவிடுங்கள். ரைசர் சாக்கெட்டுக்கு வட்டத் துளைக்குப் பதில் நீள்துளை வையுங்கள். தகட்டு வளைப்பில் அரை மி.மீ. தப்பினாலும் கார்டு உள்ளே அமர வேண்டும். முதல் மாதிரியை அட்டையிலோ மரப்பலகையிலோ செய்து வயரோடு மூடிப் பாருங்கள். முப்பரிமாண அச்சில் செய்வதானால் பிஎல்ஏ பிளாஸ்டிக் வேண்டாம், 60 டிகிரியை நெருங்கும்போது அது இளகும், பிஇடிஜி தாக்குப்பிடிக்கும்.

ரைசர் கேபிள் பழைய பிசிஐஇ 3.0 தரத்தில் இருக்க, மதர்போர்டு 4.0 வேகத்தில் பேச முயன்றால் திரை கறுத்துப்போகும் அல்லது நடுநடுவே அறுபடும். பிராசசரின் உள் கிராபிக்ஸில் முதலில் துவக்கி, பயாஸில் (மதர்போர்டின் அமைப்புத் திரை) ஸ்லாட்டை 3.0 என்று நிலைநிறுத்திவிட்டுப் பிறகு கார்டை இணைத்தால் இது தீரும்.

எல்லாம் மூடியபின் பிராசசரையும் கார்டையும் ஒரே நேரத்தில் முழுச் சுமையில் அரை மணி நேரமாவது ஓடவிட வேண்டும். ஒன்றை மட்டும் சோதித்தால் மற்றதன் சூடு தெரியாது. கடைசியாக எர்த்திங். பவுடர் கோட்டிங்கும் அனோடைஸ் பூச்சும் மின்சாரத்தைக் கடத்தாதவை, எனவே பவர் சப்ளை அமரும் இடத்திலும் தகடுகள் ஒன்றையொன்று தொடும் இடங்களிலும் பூச்சே இல்லாமல் விட வேண்டும். பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கிவிட்டு, அதன் எர்த் ஊசிக்கும் பெட்டியின் ஒவ்வொரு தகட்டுக்கும் இடையே மல்டிமீட்டரை வைத்துப் பாருங்கள். எந்தத் தகட்டிலாவது 1 ஓமுக்கு மேல் காட்டினால் அதன் திருகடியில் பூச்சைச் சுரண்டி, பல்லுள்ள வாஷர் போட்டு இறுக்கி, மறுபடி அளக்க வேண்டும்.