இரண்டு நாள் பொறுக்க வேண்டிய மருந்து

"ராத்திரி குடிச்சேன் டாக்டர். காலையில ஒண்ணும் வரலை. அதனால காலையிலயும் ரெண்டு மூடி குடிச்சேன். அப்பவும் வரலைன்னு மத்தியானம் விளக்கெண்ணெய்."

அறுபதைத் தாண்டிய அந்த அம்மா இதைச் சொன்னது மூன்றாம் நாள், கையில் டிரிப் ஏறிக்கொண்டிருக்கும்போது. முந்தைய இரவு முழுக்கக் கழிவறைக்கு நடந்து, விடியற்காலையில் தலைசுற்றி விழுந்திருக்கிறார். மலச்சிக்கலுக்கு நான் எழுதிக்கொடுத்தது லாக்டுலோஸ் சிரப், இரவில் 15 மி.லி. "இது வேலை செய்ய இரண்டு நாள் ஆகும்" என்று சொல்லாமல் விட்டது என் தப்பு.

பேதி மருந்து என்றால் இரவு குடித்துக் காலையில் போகவேண்டும் என்றே நமக்குப் பழக்கம். விளக்கெண்ணெய், நிலாவரை, பிசகோடில் மாத்திரை எல்லாம் குடலைத் தூண்டிவிட்டு வேலை வாங்குபவை. லாக்டுலோஸ் அந்த ரகம் இல்லை. மாங்காய்த் துண்டில் உப்பைப் போட்டு வைத்தால் தண்ணீர் விடுகிறதல்லவா, கிட்டத்தட்ட அதே சங்கதிதான். சிறுகுடலால் செரிக்க முடியாத சர்க்கரை அது. அப்படியே பெருங்குடலுக்குப் போய், அங்குள்ள பாக்டீரியாக்களால் புளித்து அமிலமாகி, தண்ணீரை இழுத்து மலத்தை இளக்கும். புளிப்பதால்தான் முதல் சில நாள் வாயுவும் உப்புசமும். அது பொறுக்கவில்லை என்றால் பாலிஎத்திலீன் கிளைக்கால் பவுடர் இருக்கிறது. பெரியவர்களுக்கு வழக்கமாக 17 கிராம், ஒரு டம்ளர் தண்ணீரில். அது புளிக்காது, வாயுத் தொல்லை குறைவு. ஆனால் அதற்கும் ஒன்றிலிருந்து மூன்று நாள் ஆகலாம்.

ஆகவே அளவை ஒரே நாளில் ஏற்றாதீர்கள். இரண்டு நாள் பார்த்துவிட்டுக் கொஞ்சம் கூட்டலாம், இளகிப் போனால் குறைக்கலாம். மலம் மிருதுவாக வந்தால் போதும். தண்ணீராகப் போனால் வயிறு சுத்தமாகிறது என்று சந்தோஷப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். மருந்து அதிகமாகிவிட்டது என்பதுதான் அதன் அர்த்தம். நீர்மாத்திரை (சிறுநீரை அதிகமாக்கும் மாத்திரை) சாப்பிடுகிறவர்களுக்கு அப்போது பொட்டாசியமும் சேர்ந்து இறங்கும்.

நான் அதிகம் பயப்படுவது மில்க் ஆஃப் மெக்னீசியாவுக்குத்தான். இதுவும் தண்ணீரை இழுக்கிற வகைதான், ஆனால் ஆறு மணி நேரத்துக்குள் வேலையைக் காட்டிவிடும். அதனால் வீட்டுக்கு வீடு செல்லப்பிள்ளை. ஆனால் ரத்தத்தில் சேரும் மெக்னீசியத்தை வெளியேற்றுவது சிறுநீரகம். அது பழுதானவர்களுக்கு மெக்னீசியம் தேங்கி, அசதி, தூக்கக் கலக்கம், பிரஷர் இறக்கம், நாடித் துடிப்பு குறைதல் என்று போகும். சிறுநீரகப் பழுதைக் காட்டும் கிரியாட்டினின் ரத்தத்தில் கூடியிருந்த ஒரு பெரியவர் தினமும் இதைக் குடித்துவந்தார். என்னென்ன மருந்து என்று கேட்டபோது மகன் பட்டியலில் இதைச் சேர்க்கவே இல்லை. "அது சும்மா வயித்து மருந்துதானே சார்" என்றார். மில்க் ஆஃப் மெக்னீசியாவை சிப்ரோஃப்ளாக்சசின், டாக்ஸிசைக்ளின் போன்ற ஆன்டிபயாட்டிக்குகளோடு சேர்த்துக் குடித்தால் அந்த ஆன்டிபயாட்டிக் உடம்பில் சரியாக ஏறாது. லிக்விட் பாரஃபின் என்ற எண்ணெய் கலந்த மலமிளக்கி பாட்டில் என்றால் படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு ஊற்றவே கூடாது. புரையேறி நுரையீரலுக்குள் போனால் வம்பு.

கல்லீரல் சுருங்கியவர்களின் கதை வேறு. அவர்களுக்கு லாக்டுலோஸ் கொடுப்பது மலச்சிக்கலுக்காக மட்டுமல்ல. உடம்பில் சேரும் அம்மோனியா மூளையைக் குழப்பாமல் இருக்க. தினம் இரண்டு மூன்று முறை இளகிப் போவதே அங்கே இலக்கு. "லூசா போகுது" என்று வீட்டிலேயே நிறுத்திவிடாதீர்கள், அளவை டாக்டரிடம் கேட்டு மாற்றுங்கள்.

வயிறு வீங்கி, வாந்தி எடுத்து, காற்றும் பிரியாமல் இருந்தால் எந்த மலமிளக்கியும் வேண்டாம், நேராக ஆஸ்பத்திரி. மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது, ஐம்பதுக்கு மேல் திடீரென்று பழக்கம் மாறுவது, இவற்றுக்கும் சிரப் பதில் இல்லை. படுக்கையில் இருக்கும் முதியவருக்கு ஒரு வாரம் போகாமல் இருந்து திடீரென்று தண்ணீராகக் கசிந்தால், அது பேதியாக இல்லாமல், இறுகி அடைத்த மலத்தின் ஓரமாக வழிவதாகவும் இருக்கலாம். பேதி நிற்க மாத்திரை கொடுத்தால் அடைப்பு இன்னும் இறுகும்.

அந்த அம்மாவின் மஞ்சள் பையை அப்புறம்தான் கொட்டிப் பார்த்தேன். இரும்புச்சத்து மாத்திரை, கால்சியம், மூட்டுவலிக்கு யாரோ எழுதிய டிரமடால். மூன்றுமே மலத்தைக் கட்டக்கூடியவை. டிரமடாலை நிறுத்தி, இரும்பு மாத்திரையை மாற்றினோம். சிரப்பை மறுபடி 15 மி.லி.யில் ஆரம்பித்தார். பாட்டில் பாதி இருக்கும்போதே அதன் தேவை தீர்ந்துவிட்டது.