கிழித்த தாள்களின் கணக்கு

நோட்டின் அட்டையில் 200 பக்கம் என்று அச்சடித்திருந்தது. உள்ளே 140தான் இருந்தன. மற்றவை கிழிபட்ட இடத்தில், தையல் ஓரம் நெடுகப் பல் பல்லாகக் காகிதம் நீட்டிக்கொண்டிருந்தது. மிஞ்சிய முதல் பக்கத்தில் ஒரே வரி: "என் தந்தையார் தறிக்குழியில் இறங்கியபோது அவருக்கு வயது ஒன்பது." அதிலும் 'தந்தையார்' அடிக்கப்பட்டு 'அப்பா' ஆகி, அதுவும் அடிக்கப்பட்டு மறுபடி 'தந்தையார்' ஆகியிருந்தது.

கொண்டுவந்தவர் குடியாத்தம் பக்கத்தைச் சேர்ந்த, ஓய்வு பெற்ற தமிழாசிரியர். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். காட்பாடியில் மனநல ஆலோசகராக இருக்கும் என்னிடம் 'எழுத வரவில்லை' என்று நேரடியாகச் சொல்லிக்கொண்டு வருபவர்கள் குறைவு. ஆய்வு மாணவர்கள் தூக்கமில்லை என்று வருவார்கள். ஆய்வேடு பாதியில் நிற்கும் விஷயம் மூன்றாவது சந்திப்பில்தான் வெளியே வரும்.

யாராக இருந்தாலும் நான் முதலில் எழுத்தைப் பற்றிக் கேட்பதில்லை. தூக்கம் எப்படி, பசிக்கிறதா, முன்பு பிடித்த பாட்டும் பேச்சும் இப்போதும் பிடிக்கின்றனவா என்றுதான் கேட்பேன். இரண்டு வாரத்துக்கு மேலாக எதிலுமே பிடிப்பில்லை என்றால் அது எழுத்தின் பிரச்சினையாக இல்லாமல் மனச்சோர்வாக இருக்கலாம். அப்போது எழுத்துப் பயிற்சி கொடுப்பது, காய்ச்சல்காரரை ஓடச் சொல்வது போலாகிவிடும். மருத்துவரைப் பார்க்க வேண்டும். உடனே பேச ஆள் வேண்டுமென்றால் அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416 இருக்கிறது, தமிழிலேயே பேசலாம்.

ஆசிரியருக்கு அப்படி எதுவும் இல்லை. நன்றாகத் தூங்கினார், நன்றாகச் சாப்பிட்டார், தாளை மட்டும் கிழித்தார்.

இந்த முடக்கத்துக்கு ஆங்கிலத்தில் 1940களில் 'ரைட்டர்ஸ் பிளாக்' என்று பெயர் சூட்டியவர் எட்மண்ட் பெர்க்லர் என்ற உளப்பகுப்பாய்வாளர். ஆழ்மனத்தில், குழந்தைப் பருவத்தில் காரணம் தேடினார். அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை என்பது என் அனுபவம். நம் ஆசிரியர் முப்பது வருடங்களாகச் சிவப்பு மையோடு விடைத்தாள் திருத்தியவர். ஒரு வரி எழுதி முடிப்பதற்குள் அவருக்குள் இருக்கும் திருத்துநர் ஒற்றுப்பிழை பார்க்க வந்து உட்கார்ந்துவிடுகிறார். திருத்துநர் வரட்டும், ஆனால் பிறகு வரட்டும்.

"ஐயா, புத்தகம் எழுத வேண்டாம். வெளியூரில் இருக்கும் உங்கள் பேத்திக்குக் கடிதம் எழுதுங்கள். எதையும் அடிக்கக் கூடாது, கிழிக்கக் கூடாது" என்றேன். முகம் சுருங்கியது. திருப்பத்தூரில் பள்ளி ஆசிரியராக இருந்த மு. வரதராசன் எத்தனை விஷயங்களைக் கடிதமாகவே எழுதினார் என்று நினைவுபடுத்தியதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். நம் வட ஆர்க்காட்டில் தமிழாசிரியர்களிடம் காரியம் சாதிக்க மு.வ. பெயர் போதும்.

அடுத்து நேரம். உந்துதல் வந்தால் எழுதலாம் என்று அவரும் காத்திருந்தவர்தான். ராபர்ட் பாய்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் 1983இல் ஒரு சிறிய ஆய்வை வெளியிட்டார். கல்லூரி ஆசிரியர்கள் 27 பேர், மூன்று குழுக்கள். ஒரு குழு அவசரம் தவிர எழுதவே கூடாது. இன்னொன்று மனம் வந்தால் எழுதலாம். மூன்றாவது குழு எழுதியே தீர வேண்டும். தவறினால் தமக்குப் பிடிக்காத அமைப்புக்கு நன்கொடை அனுப்ப வேண்டும்! கட்டாயத்தில் எழுதியவர்களுக்குத்தான் பக்கமும் அதிகம், புது எண்ணங்களும் அதிகம். நன்கொடைத் தண்டனையை நான் யாருக்கும் விதிப்பதில்லை. விடியற்காலை இருபது நிமிடம் போதும் என்றேன். வேலூர்க் கத்திரி வெயிலில் பிற்பகலில் உட்கார்ந்து எழுதுங்கள் என்று சொல்ல யாருக்குத்தான் மனம் வரும்?

கடைசியாக, "இருபது நிமிடம் ஆனதும் வரி முடியாவிட்டாலும் நிறுத்திவிடுங்கள். மறுநாள் பிடித்துக்கொள்ள ஒரு நுனி கிடைக்கும்" என்றேன்.

சிரித்துவிட்டார். "எங்கள் வீட்டுத் தறியில் நடந்ததுதானே அம்மா இது! பாவு, அதாவது நீளவாக்கில் ஓடும் நூல், தீரும்போது முழுவதையும் அறுத்து எடுத்துவிட மாட்டார்கள். இழைகள் கோத்திருக்கும் அச்சிலும் விழுதிலும் பழைய இழைகளை அப்படியே விட்டுவைப்பார்கள். புதுப் பாவு வந்ததும் ஒவ்வோர் இழையாக அதோடு பிணைப்பார்கள். என் அம்மா பிணைப்பார், விரல் நுனியில் சாம்பல் தொட்டுக்கொண்டு. அப்படி விட்டுவைக்காமல் அறுத்துவிட்டால் அத்தனை இழையையும் முதலிலிருந்து கோக்க வேண்டும். ஒரு நாள் கூலி போய்விடும்."

"இதை எழுதியிருக்கிறீர்களா?"

"இல்லையே" என்றார். சட்டைப் பையில் பேனாவைத் தேடினார்.

அடுத்த முறை வந்தபோது நோட்டில் 140 பக்கங்களும் அப்படியே இருந்தன. பதினோரு பக்கம் நிரம்பியிருந்தது. 'தந்தையார்' போய் 'அப்பா' வந்திருந்தார். ஆறாம் பக்கத்தில் ஓர் ஒற்றுப்பிழை. நான் பார்த்தேன், நான் பார்த்ததை அவரும் பார்த்தார். பக்கத்தைத் திருப்பினோம்.