13, 10: ஒரு வரி எங்கே முடிகிறது?

டிக்கோயாப் பகுதித் தேயிலைத் தோட்டமொன்றின் அலுவலகத்தில் பணிபுரியும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது. மேற்பிரிவு, கீழ்ப்பிரிவு, நடுப்பிரிவு ஆகிய மூன்றின் அன்றாடக் கொழுந்து நிறையும் தனித்தனி உரைக் கோப்புகளாக அவருக்கு வந்து சேர்கின்றன. வரிக்கு ஒரு தொழிலாளி. முதலில் அவருடைய இலக்கம், பின்னர் ஒரு காற்புள்ளி, அதன்பின் கிலோ. லினக்ஸ் கணினியில் ‘கேட்’ கட்டளையால் மூன்றையும் அடுத்தடுத்து இணைத்தால், மேற்பிரிவின் கடைசித் தொழிலாளியும் கீழ்ப்பிரிவின் முதல் தொழிலாளியும் ஒரே வரியில் ஒட்டிக்கொள்கிறார்கள். முன்னவரின் 21 கிலோவும் பின்னவரின் 1043 என்ற இலக்கமும் சேர்ந்து, ஒருவர் ஒரே நாளில் 211043 கிலோ கொழுந்து பறித்ததாகக் கணக்கு காட்டுகிறது. கணினி திருத்துபவர் ஒருவர் இதை வைரஸ் என்று சொல்லி, எல்லாவற்றையும் அழித்து மீள நிறுவச் சொன்னாராம். காரணம் தெரியாத கோளாறுகள் அனைத்தையும் வைரஸின் தலையில் கட்டுவது, காய்ச்சல் வந்த பிள்ளைக்கெல்லாம் பேய் பிடித்திருக்கிறது என்று சொன்ன பழைய வழக்கத்தின் புதிய வடிவம் என்றே எனக்குத் தோன்றுகிறது. அந்தக் கணினிக்கு எந்த நோயும் இல்லை.

உரைக் கோப்பு என்பது எண்களின் நீண்ட தொடர் என்பதைப் பாடசாலையில் படித்திருப்போம். அந்தத் தொடரில் ‘வரி’ என்று தனியாக ஒன்றும் கிடையாது. வரி முடிந்தது என்பதையும் ஓர் எண்ணால்தான் குறிக்க வேண்டும். எழுத்துகளுக்கும் குறிகளுக்கும் எண் வழங்கும், 1963 இல் வெளியான ஆஸ்கி நியமத்தில் அச்சுத்தலையை இடது ஓரத்துக்குத் திருப்புவதற்கு 13, தாளை ஒரு வரி நகர்த்துவதற்கு 10 என இரண்டு எண்கள் இருந்தன. அக்காலத்து டெலிடைப் மாடல் 33 தொலையச்சுப்பொறி வினாடிக்கு 10 வரியுருக்களை (எழுத்து, இலக்கம், குறி போன்றவற்றை) அச்சிட்டது. தலை வலது கோடியிலிருந்து திரும்பி வருவதற்கு ஒரு வரியுருவுக்குரிய நேரம் போதாது என்பதால், முதலில் 13 ஐ அனுப்பி, தலை திரும்பிக்கொண்டிருக்கும்போதே 10 ஐயும் அனுப்பித் தாளை நகர்த்தினார்கள். பின்னர் மல்டிக்ஸ், யுனிக்ஸ் ஆகிய இயக்க முறைமைகள் கோப்புக்குள் 10 மட்டும் போதும் என்று முடிவு செய்தன. 1981 இல் வந்த டாஸ் இரண்டையும் வைத்துக்கொண்டது, விண்டோஸும் அதையே தொடர்ந்தது. பழைய மெக்கின்டோஷ் 13 ஐ மட்டும் எடுத்துக்கொண்டு, 2001 இல் மெக் ஓஎஸ் எக்ஸ் வரும்வரை அப்படியே இருந்தது.

இந்த மூன்று வழக்கங்களையும் ஏற்க வேண்டிய உரைத்தொகுப்பி (உரைக் கோப்புகளைத் திறந்து திருத்தும் மென்பொருள்) எப்படி வேலை செய்கிறது என்பதுதான் சுவையான பகுதி. அது பெரும்பாலும் கோப்பை முழுவதுமாக ஒரே மூச்சில் வாசிப்பதில்லை. சில ஆயிரம் பைட்டுகள் (கோப்பின் ஒவ்வோர் எண்ணும் ஒரு பைட்) கொண்ட துண்டுகளாக வாங்குகிறது. 10 வந்தால் வரி முடிந்தது, அதில் ஐயமில்லை. 13 வந்தால் உடனே எதையும் சொல்ல முடியாது, ஏனெனில் அடுத்தது 10 ஆனால் இரண்டும் சேர்ந்து ஒரே முடிவு. வேறெதுவாக இருந்தாலும் அந்த 13 தனியே ஒரு முடிவு. அந்த 13 ஒரு துண்டின் கடைசிப் பைட்டாக அமைந்து, அதற்குரிய 10 அடுத்த துண்டின் முதற் பைட்டாக வரும்போது, கவனமற்ற நிரல் ஒரு முடிவை இரண்டாக எண்ணி, எவரும் எழுதாத வெற்று வரியொன்றை நடுவில் நுழைத்துவிடும். கவனமான நிரல் ‘ஒரு 13 காத்திருக்கிறது’ என்ற ஒரேயொரு செய்தியை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு அடுத்த துண்டுக்குச் செல்கிறது. ஆம் அல்லது இல்லை என்ற ஒற்றை பிட்டில் அடங்கிவிடும் அந்த நினைவு, எத்தனை கோடி பைட்டுகள் கொண்ட கோப்பையும் பிழையின்றிப் பிரிக்கப் போதுமானது என்பதை எண்ணும்போது எனக்கு இன்றும் வியப்பு குறையவில்லை.

அடுத்த சிக்கல் கோப்பின் கடைசியில் இருக்கிறது. வரிமுடிவுக் குறி இரண்டு வரிகளைப் பிரிப்பதா, அல்லது ஒவ்வொரு வரியையும் முடிப்பதா? பத்துக் காம்பராக்கள் (அறைகள்) உள்ள ஒரு லயத்தில் (தோட்டத் தொழிலாளரின் வரிசைக் குடியிருப்பில்) காம்பராக்களைப் பிரிக்கும் நடுச்சுவர்கள் ஒன்பதுதான். ஆனால் ஒவ்வொரு காம்பராவுக்கும் அதன் வலப்பக்கச் சுவர் சொந்தம் என்று கணக்கிட்டால், கடைக்கோடிச் சுவரையும் சேர்த்துப் பத்து ஆகிவிடும். யுனிக்ஸ் உலகின் போசிக்ஸ் நியமம் இரண்டாவது கணக்கைப் பின்பற்றுகிறது: 10 என்ற குறியுடன் முடிந்தால்தான் அது வரி. ஆகவே வரிகளை எண்ணும் கட்டளை உண்மையில் 10 களையே எண்ணுகிறது. இறுதிக் குறி இல்லாத கோப்பில் அது ஒரு வரியைக் குறைத்துச் சொல்லும்.

தொகுப்பியின் உள்ளே முதலாவது கணக்கே வசதியானது. மூன்று வரிகளும் அவற்றின் பின்னே மூன்று குறிகளும் உள்ள கோப்பைக் குறிகள் இருக்கும் இடங்களில் வெட்டினால் நான்கு துண்டுகள் கிடைக்கும். நான்காவது துண்டு வெறுமையானது. இறுதிக் குறி இல்லாத கோப்பு மூன்று துண்டுகளாகவே வெட்டுப்படும். சேமிக்கும்போது துண்டுகளுக்கு இடையில் மட்டும் குறியை வைத்து ஒட்டினால், இரண்டு கோப்புகளும் முன்பு இருந்தவாறே, ஒரு பைட்டும் மாறாமல் மீண்டும் கிடைக்கின்றன. இறுதிக் குறி இருந்ததா இல்லையா என்பதைத் தனியாகக் குறித்துவைக்க வேண்டியதே இல்லை. அந்த வெற்றுத் துண்டே அதற்குச் சாட்சி. சில தொகுப்பிகளில் கோப்பின் அடியில், எழுத்தே இல்லாத ஒரு வரிக்கு இலக்கம் காட்டப்படுவது இதனால்தான். விம் போன்றவை அந்த வெற்றுத் துண்டைக் கண்ணில் காட்டுவதில்லை. மாறாக, இறுதிக் குறி இல்லாத கோப்பைத் திறக்கும்போது அதை அறிவித்துவிட்டு, வேறு அமைப்பு கொடுக்காவிட்டால், சேமிக்கும்போது தாமாகவே அதைச் சேர்த்துவிடும். புதிய கோப்புக்கு இது நல்ல பழக்கம்தான். பிறருடைய கோப்பில் ஓர் எழுத்தைத் திருத்தச் சென்ற தொகுப்பி, கேளாமல் வேறொன்றையும் மாற்றுவது எனக்கு உடன்பாடானதன்று. அதிலும் 13 களை எல்லாம் கமுக்கமாக நீக்கிவிட்டால், மாற்றங்களை ஒப்பிடும் கிட் போன்ற மென்பொருள் ஒவ்வொரு வரியும் மாறிவிட்டதாகக் காட்டும், உண்மையான திருத்தம் எது என்று எளிதில் கண்டுபிடிக்க முடியாது.

வாசகரின் கோப்பில் நடந்தது இப்போது தெளிவாகும். மேற்பிரிவிலிருந்து வந்த கோப்பின் கடைசி வரிக்குப் பின்னே குறி இல்லை. ‘கேட்’ கட்டளை வரிகளை அறியாது, பைட்டுகளை மட்டுமே அறியும். இலக்க வரிசையில் அடுக்குவதில் தடையில்லை என்றால், அதற்குப் பதிலாக ‘சோர்ட்’ கட்டளையைப் பயன்படுத்தலாம். ஒவ்வொரு கோப்பின் முடிவிலும் விடுபட்ட குறியை அது தானே இட்டுக்கொள்ளும். அனுப்புபவர்கள் விண்டோஸில் எழுதுகிறார்கள் என்றால் இன்னொன்றையும் பார்க்க வேண்டும்: லினக்ஸில் அந்த 13 கிலோவின் வாலில் ஒட்டிக்கொண்டு நிற்கும், கண்ணுக்கு 21 எனத் தெரிவது ஒப்பிடும் நிரலுக்கு 21 ஆக இராது. 13 இல்லாமல் முடியும் வரிகளும் கலந்த கோப்பில் விம் அதைத் தொப்பிக் குறியுடன் (^) கூடிய ‘எம்’ எழுத்தாகக் காட்டும், எம் ஆங்கில அகரவரிசையில் 13 ஆவது எழுத்து என்பதால். எதிர்த்திசையிலும் தொல்லை இருந்தது: விண்டோஸின் நோட்பேட், 10 மட்டும் உள்ள கோப்பைப் பிரித்துக் காட்டக் கற்றுக்கொண்டது 2018 இல்தான், அதுவரை முழுக் கோப்பும் ஒரே நீள வரியாகத் தெரிந்தது.

நம் பாடசாலைகளில் ஆஸ்கி அட்டவணையைப் பரீட்சைக்காக மனனம் செய்யும் மாணவர்களில் எத்தனை பேர் ஒரு கோப்பின் உள்ளிருக்கும் எண்களைத் திரையில் கண்டிருப்பார்கள்? தோட்டப்புறப் பாடசாலைக்குப் புதிய கணினிகளைக் கொடுத்து நாடாவெட்டித் திறப்பதோடு நின்றுவிடாமல், இருக்கின்ற பழைய கணினியிலேயே இதைக் காட்டித்தரக்கூடிய ஆசிரியருக்கு ஒரு பயிற்சி கொடுத்தால் செலவும் குறையும், பயனும் கூடும் என்பது என் கருத்து.

தமிழில் எழுதினால் இந்த 10 உம் 13 உம் எழுத்துகளுக்குள் மறைந்திருந்து ஏமாற்றாவா என்ற ஐயம் எழலாம். பெரும்பாலான எழுத்துகளை இரண்டு பைட்டுகளில் எழுதும் யுடிஎஃப்-16 முறையில் அந்த ஆபத்து உண்மையிலேயே உண்டு. அங்கே தமிழ் எழுத்துகள் அனைத்திலும் ஒரு பைட் 11; சிங்கள எழுத்துகள் அனைத்திலும் ஒரு பைட் 13. பைட் பைட்டாக வாசிக்கும் பேதை நிரலுக்குச் சிங்கள வாக்கியம் முழுவதும் வரிமுடிவுகளாகவே தெரியும். மலையாள ‘ஊ’ இன்னும் ஒரு படி மேல்: பெரிய பைட்டை முதலில் எழுதும் ஒழுங்கில் அது 13, 10 என்ற இணையேதான்! 1992 இல் கென் தாம்சனும் ராப் பைக்கும் வகுத்த யுடிஎஃப்-8 இதைத் தவிர்க்கிறது. அதில் தமிழ் ‘அ’ 224, 174, 133 என்றும் சிங்கள ‘க’ 224, 182, 154 என்றும் எழுதப்படுகின்றன; ஆஸ்கிக்கு வெளியே உள்ள எந்த எழுத்தின் எந்தப் பைட்டும் 128 க்குக் கீழே இறங்குவதில்லை. எனவே யுடிஎஃப்-8 கோப்பில் 10 ஐத் தேடும் தொகுப்பி, மொழி எதுவென்று அறியாமலேயே, வரியின் முடிவைச் சரியாகக் கண்டுகொள்கிறது.