குளியல் நுரையும் டெல்டாத் தண்ணீரும்

மேட்டூரில் ஜூன் 12ஆம் தேதி மதகு திறந்தால், சில நாளில் கல்லணையைத் தாண்டி வெண்ணாற்றில் புதுத்தண்ணீர் நுங்கும் நுரையுமாக இறங்கும். அந்த நுரைக்கு யாரும் சோப்புப் போடவில்லை. காய்ந்து கிடந்த படுகையில் மட்கிப்போன இலை, தழை, வேரிலிருந்து கரைந்து வரும் கரிமப் பொருள்கள்தான் அதற்குக் காரணம். தண்ணீர் மதகில் விழுந்து புரளும்போது காற்று உள்ளே போகிறது. அந்தப் பொருள்கள் காற்றைக் குமிழாகப் பிடித்து வைக்கின்றன. வெறும் சுத்தமான தண்ணீராக இருந்தால் எவ்வளவு அடித்துக் கலக்கினாலும், குமிழ் வந்த வேகத்திலேயே உடைந்துவிடும்.

வீட்டில் நுரைக்குளியலுக்கு, அதாவது பபிள் பாத்துக்கு, திரவம் தயாரிப்பவரும் இதே வேலையைத்தான் செய்கிறார், கொஞ்சம் வாசனையோடு. ஆனால் நுரை நிற்குமா நிற்காதா என்பதைத் தீர்மானிப்பது பாட்டிலில் இருக்கும் சரக்கைவிட உங்கள் குழாயில் வரும் தண்ணீர்தான்.

சோப்பு, ஷாம்பூ எதுவானாலும் அதன் மூலக்கூறு தலைப்பிரட்டை மாதிரி. தலைக்குத் தண்ணீர் பிடிக்கும். வாலுக்குப் பிடிக்காது, அது எண்ணெய்ப் பக்கமோ காற்றுப் பக்கமோதான் ஒதுங்கும். அதனால் இந்த மூலக்கூறுகள் தண்ணீரின் மேற்பரப்புக்கு வந்து, வாலை வெளியே நீட்டி வரிசையாக நின்றுகொள்ளும். தண்ணீரின் பரப்பு இழுவிசை, அதாவது மேற்பரப்பு தன்னைச் சுருக்கிக்கொள்ள இழுக்கும் விசை, 25 டிகிரி வெப்பத்தில் மீட்டருக்கு 72 மில்லிநியூட்டன். சோப்பு கலந்ததும் அது பாதிக்கும் கீழே இறங்கிவிடும். மேற்பரப்பில் நடக்கும் இந்தச் சங்கதியைக் கருவி செய்து அளந்தவர் ஜெர்மனியின் ஆக்னஸ் பாக்கெல்ஸ். கல்லூரிப் படிப்பு இல்லாதவர், வீட்டு வேலைகளுக்கு நடுவே சமையலறையிலேயே சோதனை செய்தவர். இங்கிலாந்தின் இயற்பியலாளர் லார்ட் ரேலிக்கு அவர் எழுதிய கடிதம் 1891இல் நேச்சர் இதழில் வெளியானது.

இழுவிசை குறைந்தால் போதும், நுரை வந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியானால் சாராயம் பிரமாதமாக நுரைக்க வேண்டும். சாராயத்திலுள்ள எத்தனாலின் இழுவிசை வெறும் 22தான். ஆனால் அதைக் குலுக்கினால் நுரை நிற்பதில்லை. குமிழைக் காப்பாற்றுவது இழுவிசையின் அளவு அல்ல, இடத்துக்கு இடம் அது மாறும் விதம். குமிழின் சுவர் மெல்லிய தண்ணீர்ப்படலம். எங்கேயாவது அது இழுபட்டு மெலிந்தால், அந்த இடத்தில் சோப்பு மூலக்கூறுகள் அகன்று போகும், இழுவிசை ஏறும். ஏறியதும் அந்த இடம் அக்கம்பக்கத்துத் தண்ணீரைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். கிழியப்போன சுவர் தன்னையே ஒட்டுப்போட்டுக் கொள்கிறது. இதற்கு மாரங்கோனி விளைவு என்று பெயர். இவ்வளவு இருந்தும் படலத்திலுள்ள தண்ணீர் மெதுவாகக் கீழே வடியும், ஆவியாகவும் போகும். கிளிசரின் சேர்ப்பது இதற்காகத்தான். அது தண்ணீரைக் கெட்டிப்படுத்தி வடிவதைத் தாமதப்படுத்தும், ஈரத்தையும் பிடித்து வைக்கும்.

இனி தண்ணீர் விஷயம். ஆற்றுத் தண்ணீரிலும் மழைத் தண்ணீரிலும் சோப்பு எளிதாக நுரைக்கும். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் போய் போர் தண்ணீரில் அதே சோப்பைத் தேய்த்துப் பாருங்கள்: நுரைக்குப் பதில் வெள்ளையாகத் திரி திரியாகப் படியும், வாளி ஓரத்தில் ஒட்டிக்கொள்ளும். கடல்நீர் நிலத்தடியில் ஏறிய இடங்களில் கால்சியமும் மக்னீசியமும் மிகுந்திருக்கும். கடல்நீர் ஒரு லிட்டரில் மக்னீசியம் மட்டும் சுமார் 1.3 கிராம் உண்டு. சோப்பின் தலை இந்த உலோகங்களைக் கண்டால் அவற்றோடு சேர்ந்து, கரையாத பொருளாகிவிடும். நுரைக்க வேண்டிய மூலக்கூறுகள் திரிந்துபோக, குளித்தவருக்குப் பிசுபிசுப்புதான் மிச்சம்.

இதற்கு டெல்டாவிலேயே இரண்டு பழைய பதில்கள் உண்டு. ஒன்று தேங்காய். தேங்காய் எண்ணெயின் கொழுப்பில் கிட்டத்தட்டப் பாதி லாரிக் அமிலம். அதன் கார்பன் சங்கிலி 12 கார்பன் நீளம்தான். வால் குட்டை என்பதால் அந்தச் சோப்பு உப்புத் தண்ணீரிலும் கரையும். கப்பலோட்டிகள் கடல்நீரில் குளிக்கத் தேங்காய் எண்ணெய்ச் சோப்பை வைத்திருந்ததற்கு அதுவே காரணம். இன்னொன்று பூந்திக்கொட்டையும் சீயக்காயும். அவற்றிலுள்ள சப்போனின் சர்க்கரைத் தலையுள்ள மூலக்கூறு. சுண்ணாம்புச் சத்தோடு சேர்ந்து அவ்வளவாகத் திரியாது. நுரை சோப்பளவு பொங்காது என்பது உண்மைதான், கண்ணில் பட்டால் எரியவும் செய்யும். இன்றைய ஷாம்பூக்களில் இருக்கும் சல்பேட் வகைகளும் இப்படிக் கால்சியம், மக்னீசியம் மிகுந்த கடினநீரைத் தாங்கக்கூடியவை. ஆகவே கடலோரத்துக்காரர்கள் சாதாரணக் கட்டிச் சோப்பைச் சீவிப் போட்டு நுரைக்குளியல் திரவம் செய்வது வீண். ஷாம்பூவிலிருந்து தொடங்குவதே நல்லது. சந்தேகமிருந்தால் ஒரு பாட்டிலில் குழாய்த் தண்ணீரையும் இன்னொன்றில் மழைத் தண்ணீரையும் பாதியளவு ஊற்றி, இரண்டிலும் சில சொட்டுச் சோப்புக் கரைசல் விட்டுக் குலுக்கிப் பார்த்தால் போதும்; குழாய்த் தண்ணீரில் நுரை குறைந்தால் அது கடினநீர்.

அடுத்தது வாசனை எண்ணெய். நுரையும் எண்ணெயும் பகையாளிகள். சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளிக்கிறவருக்கு இது தெரியும்: முதல் தடவை சீயக்காய் போட்டால் நுரையே வராது, இரண்டாவது தடவைதான் வரும். எண்ணெய்த்துளி குமிழின் சுவரில் பரவி, அங்கிருந்த தண்ணீரைத் தள்ளிவிட்டு ஓட்டை போட்டுவிடுகிறது. லாவெண்டர் எண்ணெயை நேராகத் தொட்டித் தண்ணீரில் சொட்டினாலும் இதுவே கதி. அதைவிட மோசம், கரையாமல் மேலே மிதக்கும் எண்ணெய் அப்படியே முழு வீரியத்தோடு தோலில் ஒட்டி எரிச்சல் தரும். எண்ணெயை முதலில் ஷாம்பூவில் கலந்துவிட்டால் நிலைமை வேறு. மூலக்கூறுகள் வாலை உள்ளே மடக்கி உருண்டையாகச் சேர்ந்து, நடுவில் எண்ணெயைப் பூட்டிக்கொள்ளும். மிசெல் எனப்படும் இந்த உருண்டைகள் சில நானோமீட்டர் அளவுதான்; கண்ணுக்குத் தெரியாது, நுரையையும் அவ்வளவாகக் கெடுக்காது.

எனவே மணமில்லாத மென்மையான ஷாம்பூ 100 மி.லி. எடுத்து, வாசனை எண்ணெய் மொத்தமாக 10 சொட்டு விட்டு, நுரை கிளம்பாமல் மெதுவாகக் கலக்கவும். அப்புறம் கிளிசரின் 2 தேக்கரண்டி. ஒரு ராத்திரி அப்படியே விடுங்கள். காலையில் மேலே எண்ணெய் வளையம் தெரிந்தால் எண்ணெய் அதிகம் என்று அர்த்தம். தண்ணீர் சேர்த்து நீட்ட வேண்டாம். ஷாம்பூவைக் கெடாமல் காக்கும் பொருள் நீர்த்துப்போய், நம் ஊர் வெக்கையில் கிருமி வளர்ந்துவிடும். பாத் டப் இருக்கும் வீடு இங்கே குறைவு. அதனால் என்ன, கால் வைக்க ஒரு பேசின் போதும். பேசினுக்கு ஒரு தேக்கரண்டி திரவம், டப்பானால் 3 மேசைக்கரண்டி. குழாய் விழும் இடத்தில் ஊற்றினால் விழும் தண்ணீரே காற்றை அடித்து நுரையாக்கும்.

எந்த எண்ணெய் என்றால், என் ஓட்டு வெட்டிவேருக்கு. கொள்ளிடத்துக்கு வடக்கே கடலூர் கடற்கரை மணலில் பயிராவது. கனமான மூலக்கூறுகள் என்பதால் மெதுவாகத்தான் ஆவியாகும், குளித்து முடித்தும் மணம் நிற்கும். கடையில் மலிவாகக் கிடைக்கும் ‘மல்லிகை எண்ணெய்’ பெரும்பாலும் செயற்கை வாசனைதான். அசல் மல்லிகைச் சாற்றைக் கரைப்பான் கொண்டே எடுக்கிறார்கள், விலையும் அதற்கேற்றபடிதான். லாவெண்டரின் மணப்பொருளான லினலூல் மனதைத் தணிக்குமா என்றால், 2018இல் ஜப்பானின் ககோஷிமா பல்கலைக்கழகத்தில் எலிகளை அதை முகரவிட்டபோது பதற்றம் குறைந்தது. மோப்ப சக்தி இழந்த எலிகளிடம் அந்த மாற்றம் இல்லை. அதாவது வேலை மூக்கு வழியாகத்தான் நடக்கிறது. மனிதருக்கும் அதே அளவில் பலிக்கும் என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது.

பழைய லாவெண்டர் பாட்டிலைத் தூக்கிப் போடலாம். காற்றுப்பட்ட லினலூல் தோலுக்கு ஒவ்வாமை தரலாம். கிராம்பு, பட்டை எண்ணெய் குளியலுக்கு ஆகாது. எலுமிச்சைத் தோலைப் பிழிந்தெடுத்த எண்ணெய் தோலில் இருக்க, வெயிலில் வயலுக்குப் போனால் தோல் கன்றிப்போகலாம். கற்பூரம், நீலகிரித் தைலம் இரண்டையும் சின்னக் குழந்தைகள் எட்டாத இடத்தில் வைக்க வேண்டும். விழுங்கினால் வலிப்பு வரலாம். குழந்தைகளை நுரையில் நெடுநேரம் ஊறவிடாமல், கடைசியில் நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடுங்கள்.