சல்லடையை மேலே தூக்குங்கள்

வெந்நீரில் நான்கு நிமிடத்தில் இறங்கிவிடும் காபி, குளிர்ந்த நீரில் இறங்கப் பன்னிரண்டு மணி நேரம் ஆகும் என்று கோல்ட் ப்ரூ (குளிர்ந்த நீரில் ஊறவைத்து இறக்கும் காபி) ஜாடியோடு வரும் தாளில் அச்சிட்டிருப்பார்கள். 180 மடங்குத் தாமதம். குளிரில் எல்லாமே மெதுவாகத்தானே நடக்கும் என்று நாமும் ஊறவைத்துவிட்டுத் தூங்கப் போகிறோம். கணக்குப் போட்டுப் பார்த்தால் இந்தச் சமாதானம் எடுபடுவதில்லை.

கரைந்த மூலக்கூறுகள் நீருக்குள் தாமாகவே பரவிச் செல்வது விரவல். நீரின் பாகுத்தன்மை, அதாவது ஒழுகுவதற்கு அது காட்டும் எதிர்ப்பு, கூடினால் விரவலின் வேகம் குறையும். 95 டிகிரி செல்சியஸ் நீரைவிட 20 டிகிரி நீரின் பாகுத்தன்மை மூன்று மடங்குக்குச் சற்று அதிகம். வெப்பநிலை வித்தியாசத்தையும் சேர்த்தால் விரவல் சுமார் நான்கு மடங்கு மெதுவாகிறது. அவ்வளவுதான். கோல்ட் ப்ரூவுக்குத் தூளைக் கொரகொரப்பாக அரைக்கிறோம். துகளின் குறுக்களவு இரட்டித்தால், உள்ளிருப்பது வெளியேற ஆகும் நேரம் நான்கு மடங்காகும். இரண்டையும் பெருக்கினாலும் பதினாறுதான் வருகிறது. கரைதிறனைக் குறை சொல்லவும் வழியில்லை. அறை வெப்பநிலையில் ஒரு லிட்டர் நீரில் ஏறக்குறைய 20 கிராம் காஃபீன் கரையும். காபியில் இருப்பது அதில் ஒரு சிறு பங்கு.

மீதிப் பத்துப் பன்னிரண்டு மடங்கு எங்கிருந்து வந்தது? ஒரு பகுதி வெறும் பழக்கம். மேகன் ஃபுல்லர், நினி ராவ் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 2017இல் வெளியிட்ட ஆய்வில், அறை வெப்பநிலையில் ஊறிய காபியில் காஃபீனின் செறிவு சுமார் 400 நிமிடங்களில் ஏறுவதை நிறுத்திவிட்டது. அதற்குப் பிறகு காத்திருந்து காஃபீன் கணக்கில் பெரிய லாபம் இல்லை. மிச்சப் பழியை நான் ஜாடியின் மீது போடுவேன்.

கண்ணாடித் தம்ளர் நிறையக் குளிர்ந்த நீர் எடுத்து, ஒரு தேநீர்ப் பையை நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே இருக்கும்படி தொங்கவிட்டு, ஆட்டாமல் அசைக்காமல் பாருங்கள். சிறிது நேரத்தில் பையின் அடியிலிருந்து பழுப்பு இழைகள் புறப்பட்டு, நெளிந்து நெளிந்து நேராக அடிப்பகுதிக்கு இறங்கும். அடியில் கருமை சேரும். மேல்நீர் வெளிறியே இருக்கும். சாறு நீரைவிடக் கனமானது. ஒரு சதவீதம் கரைபொருள் சேர்ந்தாலே லிட்டருக்கு மூன்று நான்கு கிராம் எடை கூடிவிடுகிறது. இது அற்பமான அளவாகத் தெரியலாம். ஆனால், நீரின் வெப்பநிலையை 20 டிகிரியிலிருந்து 25க்கு ஏற்றினால் ஏற்படும் அடர்த்தி மாற்றம் இதில் பாதிகூட இல்லை. குளிர்பதனப் பெட்டிக்குள் நிலைமை இன்னும் மோசம். 4 டிகிரியை ஒட்டித்தான் நீரின் அடர்த்தி உச்சத்தில் நிற்கிறது. அங்கே சிறு வெப்ப வேறுபாடுகளால் நீர் ஏறி இறங்குவது கிட்டத்தட்ட நின்றுபோகும். நீரை அசைக்க மிஞ்சியிருக்கும் ஒரே விசை சாற்றின் கனம்தான்.

கடையில் கிடைக்கும் ஜாடிகளில் பெரும்பாலானவை இந்த விசையை வீணடிக்கின்றன. நடுவில் ஒல்லியான, உயரமான சல்லடைக் குழாய். அடி வரை நீண்டிருக்கும். தூள் அதன் கீழ்ப்பாதியில் திண்ணென்று உட்கார்ந்துவிடும். வெளியேறும் சாறு கனத்தால் அங்கேயே தேங்க, தூள் தன் சாற்றிலேயே ஊறிக்கொண்டிருக்கும். செறிவு வேறுபாடு இருந்தால்தான் விரவல் நடக்கும். அந்த வேறுபாடு அங்கே மங்கிப்போகிறது. மேலே இருக்கும் நல்ல நீர் இரவெல்லாம் சும்மா நிற்கிறது.

அதே தூளை அகலமான, ஆழம் குறைந்த கூடையில் பரப்பி நீர்மட்டத்தை ஒட்டி வைத்தால் கதையே வேறு. சாறு கீழே விழ விழ, அந்த இடத்துக்குப் புது நீர் வருகிறது. மோட்டார் இல்லாத பம்ப் இது. ஜாடி அடியிலிருந்து மெல்ல நிறம் ஏறி வரும். கூடைக்கு உள்ளேயும் வெளியேயும் செறிவு ஒன்றாவது கடைசியில்தான். கையில் இருப்பது பழைய ஜாடி என்றால், மூடி இறுக்கமாக இருக்கும்பட்சத்தில் இடையில் ஓரிரு முறை தலைகீழாகக் கவிழ்த்தாலே பாதி வேலை முடியும்.

புதிதாக வறுத்த தூளில் இன்னொரு தொல்லை உண்டு. துகள்களின் நுண்துளைகளில் கார்பன் டை ஆக்சைடு அடைந்திருக்கும். வெந்நீர் அதை விரட்டிவிடும். குளிர்ந்த நீரால் முடிவதில்லை. தூள் மிதக்கிறது, நடுவில் உலர்ந்த கட்டிகள் அப்படியே நிற்கின்றன. முதலில் கொஞ்சம் நீர் விட்டுக் கிளறிவிட்டு மீதியை ஊற்றுவது எளிய வழி. கைப்பம்பால் ஜாடியின் காற்றை உறிஞ்சுவது நேர்த்தியான வழி: அழுத்தம் குறைந்ததும் துளைகளிலிருந்து வாயு குமிழிடும், காற்றைத் திரும்ப விட்டதும் வளிமண்டல அழுத்தமே நீரைத் துளைகளுக்குள் தள்ளிவிடும்.

வடிகட்டும் கட்டத்தில்தான் பெரும்பாலான வடிவமைப்புகள் கோட்டை விடுகின்றன. காபித்தூள் தன் எடையைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு நீரைக் குடித்து வைத்துக்கொள்ளும். 100 கிராம் தூளை அரை லிட்டரில் ஊறவைத்தால் கைக்கு வருவது 300 மில்லி. பிழிந்தால் மாவு போன்ற நுண்தூளும் சேர்ந்து வந்து கலங்கலாகிவிடும். தூளைக் கலைக்காமல் மேலாகக் கொஞ்சம் புது நீரை மெதுவாக ஊற்றினால், அது உள்ளே தங்கிய சாற்றைத் தனக்கு முன்னால் தள்ளிக்கொண்டு இறங்கும். இதற்கு வசதியாக நீரைப் பரப்பிவிடும் துளைத்தட்டு ஒன்று மேலே இருந்தால் போதும். அதை ஏனோ பலரும் வைப்பதில்லை.

எவ்வளவு நல்ல அரவையிலும் 100 மைக்ரானுக்குக் (மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு) குறைந்த நுண்தூள் இருக்கும். அதைப் பிடிக்கச் சல்லடைக் கண்ணைச் சிறிதாக்கினால் அடைத்துக்கொள்ளும். பரப்பைக் கூட்டுவதுதான் சரியான வழி. சல்லடையின் பரப்பை இரட்டித்தால் படியும் தூளின் தடிமன் பாதியாகும். ஒழுகும் இடமும் இரட்டிப்பு. ஆக, வடியும் வேகம் நான்கு மடங்கு. வேதிப் பொறியியல் படித்த டாட் சிம்ப்சன் 1964இல் உருவாக்கிய கோல்ட் ப்ரூ கருவியில் தடித்த கம்பளித்துணி போன்ற வட்டு இருந்தது. மேற்பரப்பில் மட்டுமல்லாமல் தன் தடிமன் முழுவதும் நுண்தூளைப் பிடித்து வைக்கும் வடிகட்டி அது. அந்த யோசனை இன்றும் செல்லும்.

காதுக்கு எட்டாத உயர் அதிர்வெண் ஒலியான மீயொலியைப் பயன்படுத்தி மூன்று நிமிடத்துக்குள் கோல்ட் ப்ரூ தயாரித்துக் காட்டியது ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகம், 2024இல். நுண்குமிழிகள் தோன்றி உடையும்போது எழும் தாரைகள் துகளைக் குடைந்து சாற்றை வெளியேற்றுகின்றன. காபிக் கடைகளுக்கு இது உதவும். வீட்டில், காத்திருக்க ஓர் இரவு சும்மா கிடைக்கும்போது, இவ்வளவு ஏற்பாடு தேவையா என்பது என் கேள்வி.

தேயிலைக்கும் இதே இயற்பியல்தான். ஆனால், இலை ஊறியதும் பல மடங்கு உப்பும்; சிறு உருண்டைச் சல்லடைக்குள் அடைத்தால் நடு இலைகளை நீர் எட்டாது. கூடை தாராளமாக இருக்கட்டும்.

கடைசியாக, கழுவுவது. கோல்ட் ப்ரூ காபியின் பிஎச் (அமிலத்தன்மையைக் காட்டும் எண்; எண் குறையக் குறைய அமிலம் அதிகம்) 5ஐ ஒட்டியது. ஆபத்தான பாக்டீரியாக்களை அமிலத்தால் மட்டுமே தடுக்க வேண்டுமானால் அது 4.6க்குக் கீழே இருக்க வேண்டும். எனவே வடித்ததைக் குளிரில்தான் வைக்க வேண்டும், ஜாடியில் அழுக்குத் தங்கும் மூலைகளும் இருக்கக் கூடாது. சல்லடையின் மடித்த விளிம்புகளில் காபி எண்ணெய் படிந்து சிக்கு நாற்றம் வரும். அதைவிட மோசம், காபியைத் திறந்து பிடிக்க ஜாடியின் அடியில் பொருத்தும் குழாய். பிரித்துக் கழுவ முடியாத குழாய் உள்ள ஜாடியை, மற்ற எல்லாம் சரியாக அமைந்திருந்தாலும், நான் வாங்க மாட்டேன்.