மீட்டரில் 8.9 வோல்ட், வண்டி மட்டும் நகரவில்லை

அக்கா மகன் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறான். பள்ளி அறிவியல் கண்காட்சிக்காக, தரையில் போட்ட கறுப்புக் கோட்டைப் பார்த்து ஓடும் ஒரு சின்ன வண்டி செய்திருந்தான். இரண்டு மஞ்சள் மோட்டார், வண்டிக்கு மூளையாக ஆர்டுயினோ ஊனோ என்ற சின்னக் கணினிப் பலகை, இரண்டு சென்சார். எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே ஒரு 9 வோல்ட் பேட்டரி, அந்தச் சதுர டப்பா. லேப்டாப்பில் வயரைச் செருகி சென்சாரைச் சோதித்தபோது எல்லாம் ஒழுங்காக இருந்தது. பேட்டரியை மாட்டித் தரையில் விட்டால் சக்கரம் அரைச் சுற்று சுற்றும், ஆர்டுயினோவின் விளக்கு அணையும், மறுபடி எரியும், மறுபடி அரைச் சுற்று. வண்டிக்கு விக்கல் வந்த மாதிரி இருந்தது.

"மாமா, மீட்டர்ல 8.9 காட்டுது. பேட்டரி நல்லாத்தானே இருக்கு?"

மீட்டர் முள் இரண்டையும் பேட்டரியிலேயே வைத்துக்கொண்டு மோட்டாரை ஓட்டச் சொன்னேன். 8.9 சட்டென்று 5-க்குப் பக்கத்தில் விழுந்தது. மோட்டார் வயரைப் பிடுங்கியதும் மெல்ல ஏறி 8.7-ல் போய் நின்றது.

பேட்டரி வாங்கும்போது எல்லாரும் இரண்டு எண்களைப் பார்க்கிறோம்: வோல்ட், எம்ஏஎச். மூன்றாவதாக ஒன்று உண்டு, அதை அட்டையில் போடுவதே இல்லை. அதன் பெயர் உள்மின்தடை. மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். தொட்டி இருக்கும் உயரம் வோல்ட். அதில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பது எம்ஏஎச். இறங்கி வரும் குழாயில் போர் தண்ணீரின் உப்பு படிந்து முக்கால்வாசி அடைத்திருந்தால்? தொட்டி நிறைந்து வழிந்தாலும் ஷவரில் சொட்டுச் சொட்டாகத்தான் வரும். அந்த அடைப்புதான் உள்மின்தடை. ஷவரை மூடிவைத்து அழுத்தத்தை அளந்தால் குறையே தெரியாது. திறந்தால்தான் குட்டு வெளிப்படும். மீட்டரை மட்டும் வைத்துப் பேட்டரியைப் பார்ப்பது, ஷவரை மூடிவைத்துவிட்டு அளப்பதுதான்.

கடைகளில் மலிவாகக் கிடைக்கும் ஜிங்க் கார்பன் வகை 9 வோல்ட் பேட்டரியின் உள்மின்தடை சர்வசாதாரணமாகப் பத்து ஓமைத் தாண்டும். 12 ஓம் என்றே வைத்துக்கொள்வோம். இரண்டு மோட்டாரும் சேர்ந்து 0.3 ஆம்பியர் இழுத்தால், 12 பெருக்கல் 0.3, அதாவது 3.6 வோல்ட் பேட்டரிக்கு உள்ளேயே சூடாகப் போய்விடும். மிச்சம் 5.3. ஊனோவின் பவர் சாக்கெட்டில் குறைந்தது 7 வோல்ட் வேண்டும். நின்றிருக்கும் மோட்டார் கிளம்பும் அந்த நொடியில் கேட்பது இன்னும் பல மடங்கு. ஆர்டுயினோ மயங்கி விழுந்து எழுந்ததில் ஆச்சரியமே இல்லை.

அந்தச் சதுர டப்பாவைப் பிரித்துப் பார்த்தவர்களுக்குக் காரணம் புரியும். உள்ளே ஆறு குட்டி 1.5 வோல்ட் செல்கள். ஜிங்க் கார்பன் வகையில் பிஸ்கெட் பாக்கெட் மாதிரி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும். ஒவ்வொன்றும் இத்துனூண்டு என்பதால் அள்ளிக் கொடுக்க அதனிடம் எதுவும் இல்லை. நல்ல ஆல்கலைன் வகையிலேயே கொள்ளளவு 500 எம்ஏஎச்சை ஒட்டித்தான் இருக்கும். சில மில்லிஆம்பியர் கேட்கும் கருவிக்கு அது அருமையான பேட்டரி. நான் அவனிடமிருந்து பிடுங்கி என் மல்டிமீட்டருக்குள் போட்டுக்கொண்டேன். அதில் நெடுநாள் ஓடும்.

உள்மின்தடை நம் வீடுகளுக்குப் புதிதல்ல. மூன்று கட்டை டார்ச்சும் டிரான்சிஸ்டர் ரேடியோவும் இருந்த வீட்டில் வளர்ந்தவர்கள், தீர்ந்துபோன கட்டையை மொட்டைமாடி வெயிலில் காயவைத்ததை மறந்திருக்க மாட்டார்கள். அதில் விஷயம் இருக்கிறது. வெயில் சார்ஜ் ஏற்றுவதில்லை. ஆனால் ஓயாமல் ஓடிய கட்டைக்குள் கார்பன் குச்சியைச் சுற்றி வேதிவினையின் கழிவு சேர்ந்து வழியை மறித்திருக்கும். ஓய்வும் சூடும் கிடைத்ததும் அது கொஞ்சம் பரவி விலகும், உள்மின்தடை கொஞ்சம் இறங்கும். ஒரு அரை மணி நேரப் பாட்டுக்கு அது போதும். அதற்கு மேல் ஆசைப்பட்டால் கட்டை ஒழுகத் தொடங்கும். ஏனென்றால் அதன் துத்தநாக உறைதான் எதிர்முனை. மின்சாரம் கொடுக்கக் கொடுக்கச் சுவரே கரைந்துகொண்டு வரும்.

வண்டிக்கு வருவோம். ஆறு பென்சில் செல் வைக்கும் ஒரு பெட்டி வாங்கி, ரீசார்ஜ் ஆகும் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல்களைப் போட்டோம். ஒவ்வொன்றும் 1.2 வோல்ட்தான், ஆறு சேர்ந்து 7.2. "1.5 இல்லையா, கம்மியாச்சே" என்று பலர் இதை ஒதுக்குவார்கள். ஆல்கலைன் செல் 1.5-ல் தொடங்கினாலும் பாதித் தூரம் போவதற்குள் 1.2-க்கு வந்துவிடும். இதுவோ கிட்டத்தட்ட தீரும்வரை 1.2-லேயே நிற்கும். ஒரு செல்லின் உள்மின்தடை ஓமில் நூறில் சில பங்குதான். ஆறு சேர்ந்தும் அரை ஓமைத் தொடாது. வண்டி ஓடினாலும் நின்றாலும் மீட்டர் பெரிதாக அசையவில்லை. 2005-ல் சான்யோ நிறுவனம் எனலூப் என்ற பெயரில் கொண்டுவந்த வகைக்குப் பிறகு, சும்மா வைத்திருந்தாலே சார்ஜ் இறங்கிப்போகும் பழைய குறையும் பெருமளவு நீங்கிவிட்டது. வீட்டில் பிள்ளைகள் செய்யும் முதல் புராஜெக்ட்டுக்கு நான் கண்ணை மூடிக்கொண்டு சொல்வது இதைத்தான்.

ஒரு பெட்டிக்குள் பழைய செல்லையும் புதிய செல்லையும் கலக்காதீர்கள். தொடராக இணைத்த செல்களில் ஒரே மின்னோட்டம்தான் எல்லாவற்றின் வழியாகவும் போகும். நோஞ்சான் செல் முதலில் காலியாகும். மற்றவை விடாமல் அதன் வழியாகத் தள்ள, அது தலைகீழாக சார்ஜ் ஆகி, வாயு சேர்ந்து ஒழுகும். ரிமோட்டுக்குள் பூத்திருக்கும் வெள்ளைப் பொடிக்குப் பல சமயம் இதுதான் காரணம்.

அப்புறம், லித்தியம். அக்கா மகனுக்கும் கண் அங்கேதான் இருந்தது. பழைய லேப்டாப் பேட்டரிக்குள் உருளை உருளையாக இருக்குமே, 18650. 18 மில்லிமீட்டர் குறுக்களவு, 65 மில்லிமீட்டர் நீளம், அதனால் அந்தப் பெயர். 1991-ல் சோனி முதன்முதலாக விற்பனைக்குக் கொண்டுவந்த லித்தியம் அயான் தொழில்நுட்பம். இதற்கு அடித்தளம் போட்ட குட்இனஃப், விட்டிங்ஹாம், யோஷினோ மூவருக்கும் 2019-ல் வேதியியல் நோபல் கிடைத்தது. ஒரு பக்கம் கிராஃபைட் அடுக்கு, மறுபக்கம் கோபால்ட் போன்ற உலோகங்களின் ஆக்சைடு அடுக்கு. லித்தியம் அயனிகள் சார்ஜ் ஏற்றும்போது கிராஃபைட்டுக்குள் போய் உட்காரும், செலவாகும்போது ஆக்சைடு பக்கம் திரும்பும். நடுவே தலைமுடியைவிட மெல்லிய ஒரு பிளாஸ்டிக் தாள். இவை எல்லாம் ஊறிக்கிடக்கும் திரவம் தீப்பிடிக்கக்கூடியது.

இதன் உள்மின்தடை 0.04 ஓம் அளவில் இருக்கும். 9 வோல்ட் டப்பாவின் குறையெல்லாம் இதில் இல்லை. கேட்டதைக் கொடுக்கும். யார் கேட்கிறார்கள், எதற்குக் கேட்கிறார்கள் என்று பார்க்காது. பாக்கெட்டில் இருக்கும் சாவிக்கொத்து இரண்டு முனைகளையும் தொட்டால், 4.2-ஐ 0.04-ஆல் வகுத்துப் பாருங்கள்: நூறு ஆம்பியர். மலிவு 9 வோல்ட் டப்பா ஷார்ட் ஆனால் பெரும்பாலும் கை சுடுவதோடு போகும். அதன் கஞ்சத்தனமே அதற்குக் காவல். 18650-க்கு அந்தக் காவல் கிடையாது. நாம்தான் வைக்க வேண்டும்.

இந்த செல்லைக் கையில் எடுத்து நேர்முனைப் பக்கம் உற்றுப் பாருங்கள். நடுவில் ஒரு குமிழ், சுற்றிலும் ஒரு காகித வளையம், அதன்மேல் பிளாஸ்டிக் உறை மடங்கியிருக்கும். அந்த மடிப்புக்கு அடியில் இருக்கும் உலோக விளிம்பு எதிர்முனை! அடிப்பாகம் மட்டும் எதிர்முனை என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். உடல் முழுவதுமே எதிர்முனைதான். பிளஸ்ஸுக்கும் மைனஸுக்கும் இடையே சில மில்லிமீட்டர், ஒரு மெல்லிய உறை. அந்த உறை கிழிந்திருந்தால் மாற்றும்வரை செல்லை உபயோகிக்காதீர்கள், புது உறை சில ரூபாய்தான். செல்லின் மேல் நேரடியாக சால்டரிங் வைப்பதும் கூடாது. அந்தச் சூடு உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் தாளுக்கு ஆகாது. ஹோல்டரில் போடுங்கள், அல்லது நிக்கல் பட்டை ஏற்கெனவே வெல்டு செய்த செல்லாக வாங்குங்கள். நேர்முனை வயரில் ஒரு ஃபியூஸ்.

மேலே 4.2 வோல்ட், கீழே 3 வோல்ட். இந்த இரண்டு வேலிகளுக்குள்தான் அது மேய வேண்டும். 4.2-ஐத் தாண்டி ஏற்றினால் கிராஃபைட்டுக்குள் இடம் கிடைக்காத லித்தியம் வெளியே உலோகமாகப் படியும், ஆக்சைடு பக்கம் நிலைகுலைந்து ஆக்சிஜனை விடத் தொடங்கும். சூடு வினையைத் தூண்டும், வினை இன்னும் சூட்டைக் கொடுக்கும். ஒரு கட்டத்துக்கு மேல் வெளியிலிருந்து நிறுத்த முடியாது. கீழ் வேலியை மீறினாலும் ஆபத்துதான், அது உடனே தெரியாது. மிகவும் வற்றிப்போன செல்லில் எதிர்முனையின் தாமிரத் தகடு கரையும். மறுபடி சார்ஜ் ஏற்றும்போது கரைந்த தாமிரம் கண்ட இடத்தில் படிந்து உள்ளேயே ஷார்ட் ஆக்கும். மாதக்கணக்கில் மறந்துபோய், 0.5 வோல்ட் காட்டும் செல்லை உயிர்ப்பிக்கும் வீடியோக்கள் நிறைய இருக்கின்றன. செய்யாதீர்கள்.

வாங்குவதில் ஒரு சூது உண்டு. இன்று பரவலாகக் கிடைக்கும் நல்ல 18650-ன் உச்சம் சுமார் 3500 எம்ஏஎச். 6800, 9900 என்று அச்சடித்திருந்தால் அது சுத்தப் பொய். ஒருமுறை ஆன்லைனில் 6800 என்று போட்டதை ஆசைப்பட்டு வாங்கினேன். கையில் எடுத்ததுமே சந்தேகம். சமையலறைத் தராசில் வைத்தேன், 29 கிராம். நல்ல செல் சுமார் 45 கிராம் இருக்கும். சோதித்ததில் 700 எம்ஏஎச் தேறியது.

சார்ஜ் ஏற்ற எல்லாரும் வாங்குவது டிபி4056 சில்லு வைத்த அந்தக் குட்டி போர்டு. இதில் இரண்டு வகை உண்டு. செல்லுக்கு இரண்டு இணைப்பு மட்டும் உள்ளது சார்ஜர் மட்டுமே. செல்லுக்கு இரண்டு, வெளியே எடுக்க இரண்டு என்று நான்கு உள்ளதில் பாதுகாப்புச் சில்லும் இருக்கும். ஷார்ட் ஆனாலோ செல் மிகவும் வற்றினாலோ துண்டித்துவிடும். இரண்டாவதையே வாங்குங்கள். அது 2.4 வோல்ட் அளவில்தான் துண்டிக்கும் என்பதால், அதைக் கடைசித் தடுப்பாக மட்டும் நம்புங்கள். இன்னொன்று, போர்டில் வரும்போதே 1.2 கிலோ ஓம் மின்தடை ஒட்டியிருக்கும். அதனால் 1 ஆம்பியரில் சார்ஜ் ஏற்றும். 18650-க்கு சரி. தீப்பெட்டி அளவில் இருக்கும் 400 எம்ஏஎச் தட்டை பேட்டரிக்கு அது அடித்துத் திணிப்பது. அந்த மின்தடையை எடுத்துவிட்டு 5 கிலோ ஓம் வைத்தால் சுமார் 250 மில்லிஆம்பியராகக் குறையும்.

எத்தனை நாள் வரும் என்ற கணக்கில்தான் நிறைய பேர் ஏமாறுகிறார்கள். என் மாடித்தோட்டத்தில் மண் ஈரத்தை அளந்து பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை வைஃபையில் அனுப்பும் ஒரு கருவி, இஎஸ்பி32 என்ற வைஃபை சில்லு வைத்தது. விழித்திருக்கும் 5 விநாடிகளில் சராசரி 100 மில்லிஆம்பியர். 900 விநாடிக்கு 5 விநாடி என்றால் சராசரி 0.56 மில்லிஆம்பியர்தான். 2600 எம்ஏஎச் செல் அரை வருடம் தாங்க வேண்டும். எனக்குப் பதிமூன்று நாளில் தீர்ந்தது. சில்லு தூங்கினாலும் போர்டு தூங்கவில்லை! அதில் இருந்த, வோல்ட்டைச் சீராக்கும் மலிவு ரெகுலேட்டரும், ஓயாமல் எரியும் சிவப்பு விளக்கும் சேர்ந்து 8 மில்லிஆம்பியரைக் குடித்துக்கொண்டிருந்தன. புராஜெக்ட் எவ்வளவு குடிக்கிறது என்பதைத் தூக்கத்தில் அளந்து பாருங்கள், அப்புறம் செல் வாங்கலாம்.

அந்தக் கருவிக்கு இப்போது லித்தியம் இரும்பு ஃபாஸ்பேட் செல் போட்டிருக்கிறேன். கொள்ளளவு குறைவு, அதே உருளை அளவில் 1500 எம்ஏஎச்தான். ஆனால் 3.2 வோல்ட் என்பதால் ரெகுலேட்டரே இல்லாமல் இஎஸ்பி32-க்கு நேராகக் கொடுக்கலாம். சூட்டையும் நன்றாகத் தாங்கும். சித்திரை வெயிலில் மூடிய டப்பாவுக்குள் கை வைக்க முடியாது. சாதா லித்தியம் அயானை 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் ஏற்றவே கூடாது. இதன் சார்ஜர் வேறு, 3.6 வோல்ட்டோடு நிறுத்துவது. டிபி4056-ஐ இதில் மாட்டிவிடாதீர்கள்.

உப்பிப்போன தட்டை பேட்டரியைக் குத்தி காற்றை விடலாம் என்று ஒருவர் எனக்கு யோசனை சொன்னார். உள்ளே இருப்பது காற்றல்ல, எரியக்கூடிய வாயு. சார்ஜரிலிருந்து கழற்றி, முனைகளில் டேப் ஒட்டி, வீட்டுக்கு வெளியே மணல் போட்ட மண்சட்டியில் வைத்துவிட்டு, மின்கழிவு எடுப்பவர்களிடம் கொடுங்கள். குப்பைத்தொட்டி வேண்டாம், லாரியின் நசுக்கும் இயந்திரத்தில் அது தீப்பிடிக்கும். 2022-ல் வந்த பேட்டரிக் கழிவு விதிகளின்படி பழைய பேட்டரியைத் திரும்பப் பெறும் பொறுப்பு தயாரிப்பாளருக்கு இருக்கிறது.

எல்லாவற்றிலும் சாதுவாகத் தெரிவது சிஆர்2032, அந்தப் பொத்தான் பேட்டரி. 3 வோல்ட், 220 எம்ஏஎச். வாட்ச், கார் ரிமோட், மினுக்கும் பேட்ஜ் எல்லாவற்றிலும் இருக்கும். உள்மின்தடை அதிகம், எளிதில் தீப்பிடிக்காது. ஆனால் குழந்தை விழுங்கி, அது உணவுக்குழாயில் சிக்கிக்கொண்டால், ஈரமான சதை வழியாக மின்சாரம் ஓடி, எதிர்முனைப் பக்கம் காரம் உண்டாகும். இரண்டு மணி நேரத்துக்குள் சதை வெந்துபோகும். சந்தேகம் வந்தாலே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். வீட்டில் தவழும் குழந்தை இருந்தால், நீங்கள் செய்யும் டப்பாவின் பேட்டரி மூடிக்கு ஒரு ஸ்க்ரூ போடுங்கள். விரலால் திறக்கும் மூடியைக் குழந்தையும் திறக்கும்.