இதற்கு யார் கையெழுத்துப் போட்டது?

“தம்பி, இதற்கு யார் கையெழுத்துப் போட்டது?”

சென்ற ஆண்டு ஒரு திங்கட்கிழமை காலை, ஒரு மொத்த வணிக நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் என்னை நிறுத்திவைத்துக் கேட்ட கேள்வி இது. கேட்டவர் அங்கே மூத்த கணக்காளர். முப்பது ஆண்டுகளாகப் பேரேட்டோடு குடித்தனம் நடத்துபவர். அலுவலகம் முழுவதற்கும் அக்கா. அன்று வங்கிக்குப் போகவேண்டிய பணப் பட்டியல் அவர் கையில் இருந்தது. ஒரே சரக்கு, ஒரே தொகை, இரண்டு வரிகள். பட்டியலை அனுப்புமுன் விரலை வைத்து வரிவரியாக இறங்கிப் பார்ப்பது அவருடைய வழக்கம். “கம்ப்யூட்டர் போட்ட பட்டியல்தானே அக்கா, இதற்கு எதற்கு விரல்?” என்று அதற்கு முந்தைய மாதம்தான் நான் கேலி செய்திருந்தேன்.

பட்டியலைப் போட்டது நாங்கள் அமைத்துக் கொடுத்த ஏஜென்ட் குழு. முகவர் என்று எழுதலாம்தான். ஆனால் அந்தச் சொல்லைக் கேட்டதும் எல்.ஐ.சி. முகவர் பையோடு படியேறி வந்துவிடுகிறார். அதனால் ஏஜென்ட் என்றே எழுதுகிறேன். சாட்ஜிபிடி போன்ற ஒன்றிடம் கேள்வி கேட்டால் பதில் சொல்லும், அவ்வளவுதான். அதற்கே மின்னஞ்சலைத் திறக்கவும், தரவுத்தளத்தில் எழுதவும், அடுத்து என்ன செய்வது என்று தானே தீர்மானிக்கவும் அனுமதி கொடுத்துவிட்டால் அது ஏஜென்ட். இந்தக் குழுவில் நான்கு ஏஜென்ட்கள். ஒன்று வருகிற பில்லைப் படிக்கும். அடுத்தது அதைக் கொள்முதல் ஆணையோடு ஒப்பிடும். மூன்றாவது, ஏதாவது இடித்தால் சரக்கு அனுப்பியவருக்குக் கடிதம் எழுதும். நான்காவது பணப் பட்டியலைத் தயாரிக்கும்.

அக்காவுக்குப் பதில் சொல்வதற்காக, ஏஜென்ட்கள் செய்ததையெல்லாம் வரிசையாகக் குறித்துவைக்கும் லாக் பதிவைத் திறந்தேன். ஒப்பிடும் ஏஜென்ட் எழுதியிருந்தது: “ஆணையுடன் ஒத்துப்போகிறது.” கடிதம் எழுதும் ஏஜென்ட்: “முந்தைய நிலையில் சரிபார்க்கப்பட்டதால் மறுபடி பார்க்கத் தேவையில்லை.” பட்டியல் போடும் ஏஜென்ட்: “மூன்று நிலைகளிலும் சரிபார்க்கப்பட்டது.” பார்த்தது ஒரே ஒரு ஏஜென்ட்தான். அது கைமாறி வருவதற்குள் மூன்று நிலைச் சரிபார்ப்பாக வளர்ந்திருந்தது. எதுவும் பொய் சொல்லவில்லை. எல்லாமே ஒன்றையொன்று நம்பின. அக்காவின் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

நடந்தது இதுதான். பில் முதலில் மின்னஞ்சலில் பிடிஎஃப் கோப்பாக வந்தது. சனிக்கிழமை, நினைவூட்டுவதாக நினைத்து, சரக்கு அனுப்பியவரின் ஊழியர் அதையே படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார். படத்தில் பில் எண்ணின் கடைசி இலக்கம் மங்கல். பூஜ்ஜியம் எட்டாகப் படிக்கப்பட்டது. எண் வேறாகிவிட்டதால், ஒரே பில் இரண்டு முறை வந்தால் தடுக்கும் விதி விழித்துக்கொள்ளவில்லை. அதோடு போயிருந்தாலும் தப்பித்திருப்போம். வேலை சீக்கிரம் முடியட்டும் என்று ஒப்பிடும் ஏஜென்ட்டின் இரண்டு பிரதிகளை ஒரே நேரத்தில் ஓடவிட்டிருந்தோம். இரண்டும் ஒரே கணத்தில் அந்த ஆணையைப் பார்த்தன. இரண்டுக்கும் அது நிலுவையில் இருப்பதாகவே தெரிந்தது. இரண்டுமே “முடிந்தது” என்று எழுதின.

கல்யாணச் சமையலறையை நினைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் சாம்பாரை ருசி பார்க்கிறார், உப்பில்லை. உப்பு எடுக்கப் போகிறார். அந்த இடைவெளியில் இன்னொருவர் வந்து ருசி பார்க்கிறார், உப்பில்லை. இருவரும் கண்டது உண்மை, இருவரும் செய்ததும் முறைதான், ஆனால் பந்தியில் யாரும் சாம்பாரைத் தொடமாட்டார்கள். இன்னும் கெட்டிக்காரச் சமையல்காரரைக் கூட்டிவந்தாலும் இது தீராது. பார்ப்பதற்கும் செய்வதற்கும் நடுவே இருக்கும் அந்தச் சில நொடிகளை யார் காவல் காப்பது என்பதுதான் சிக்கல்.

இது இன்றைய ஏஐ அலையோடு வந்த சிக்கலும் இல்லை. 1970களில் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஹியர்சே-2 என்ற பேச்சறியும் மென்பொருளை உருவாக்கினார்கள். அந்த ஆய்வின் முன்னோடிகளில் ஒருவர் கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்த ராஜ் ரெட்டி. ஒலியை அறிந்த நிரல் ஒன்று, அசையை அறிந்தது ஒன்று, இலக்கணத்தை அறிந்தது ஒன்று என அதற்குள் தனித்தனி நிபுணர்கள். அவை ஒன்றோடொன்று பேசிக்கொள்வதில்லை. நடுவில் ஒரு கரும்பலகை. தான் கண்டதை ஒன்று அதில் எழுதும், மற்றொன்று அதைப் பார்த்துத் தன் ஊகத்தைச் சேர்க்கும். 1980இல் ரீட் ஸ்மித் என்பவர் வேறொரு வழியை முன்வைத்தார். அது ஏறக்குறைய நம் ஊர் டெண்டர். வேலை வைத்திருக்கும் நிரல் அறிவிப்பு விடும். செய்யக்கூடியவை தம் தகுதியைச் சொல்லிக் கேட்கும். பொருத்தமானதற்கு வேலை போகும். வேலையை வாங்கிய நிரல் அதைத் துண்டாக்கித் தானும் டெண்டர் விடலாம்.

நாற்பது, ஐம்பது வருடப் பழைய கதைகளை இங்கே இழுப்பதற்குக் காரணம் உண்டு. இன்று விற்பனைக்கு வரும் பல ஏஜென்ட் குழுக்களில் கரும்பலகையும் கிடையாது, டெண்டரும் கிடையாது. அரட்டைதான் இருக்கிறது. ஒரு ஏஜென்ட் பத்தி பத்தியாக எழுதி அடுத்ததற்கு அனுப்புகிறது. அது பணிவாக நன்றி சொல்லி, ஆமோதித்து, இன்னொரு பத்தி சேர்க்கிறது. செயல்முறை விளக்கத்தில் பார்க்க மிக அழகாக இருக்கும். எனக்கும் பிடித்துத்தான் இருந்தது.

ஒருங்கிணைப்பே இல்லாமல் இரண்டு நிரல்களைப் பக்கத்தில் பக்கத்தில் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2011 ஏப்ரலில் அமேசானில் நடந்த கூத்தைவிடச் சிறந்த சாட்சி எனக்குத் தெரியாது. பழ ஈயின் மரபியல் பற்றிய ஒரு புத்தகம், பதிப்பில் இல்லாதது. இரண்டு விற்பனையாளர்கள் அதன் புதிய பிரதியைப் பட்டியலிட்டிருந்தார்கள். ஒருவரின் நிரல் எதிராளியின் விலையை 0.9983ஆல் பெருக்கித் தன் விலையை வைத்தது. மற்றவரின் நிரல் 1.270589ஆல் பெருக்கியது. கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக உயிரியலாளர் மைக்கேல் ஐசன் இதைக் கவனித்து நாள்தோறும் குறித்துவைத்தார். விலை ஏறி ஏறி 2,36,98,655.93 டாலரைத் தொட்டது. தபால் செலவு தனியாக 3.99 டாலர்! மனிதர் ஒருவர் பார்த்துச் சரிசெய்யும் வரை இரண்டு நிரல்களும் தத்தம் விதியைப் பிசகாமல் பின்பற்றிக்கொண்டே இருந்தன.

அவை வெறும் பெருக்கல் கணக்குகள். இப்போதைய ஏஜென்ட்கள் வாதம் செய்யக்கூடியவை, அதனால் தவறையும் நம்பும்படி எழுதுகின்றன. ஒரு படி நூற்றுக்கு 95 முறை சரியாக நடக்கிறது என்று வைத்துக்கொண்டால், பத்துப் படிகள் தொடர்ந்து சரியாக அமைய 60 சதவீதம்கூட வாய்ப்பில்லை. இருபது படிகளுக்கு 36 சதவீதம்தான். நடுவே சரிபார்க்கும் ஏஜென்ட் ஒன்றை வைத்தால் போதுமே என்று தோன்றும். ஆனால் ஒரே மொழி மாதிரிக்கு, அதாவது சாட்ஜிபிடிக்குப் பின்னால் இருப்பதுபோன்ற ஒரே ஏஐ மாடலுக்கு, நான்கு பெயர் சூட்டி நான்கு நாற்காலியில் உட்காரவைத்திருந்தால், மங்கலான பூஜ்ஜியத்தை எட்டாகப் படித்த அதே கண்தான் சரிபார்க்கவும் வருகிறது. பல ஏஜென்ட் அமைப்புகள் ஏன் தோற்கின்றன என்று 2025இல் பெர்க்லி ஆய்வாளர்கள் தொகுத்த பட்டியலில் 14 வகைத் தோல்விகள் இருக்கின்றன. வேலை முடியும் முன்பே நிறுத்திவிடுவதும், சரிபார்ப்பை அரைகுறையாகச் செய்வதும் அதில் அடக்கம். படித்தபோது எங்கள் லாக் பதிவையே படிப்பதுபோல் இருந்தது.

அப்படியானால் குழுவே வேண்டாமா? 2025 ஜூனில் இந்தத் துறையின் இரண்டு நிறுவனங்கள் கிட்டத்தட்ட ஒரே சமயத்தில் எதிரெதிராக எழுதின. ஆந்த்ரோபிக், தன் ஆராய்ச்சிக் கருவியில் ஒரு தலைமை ஏஜென்ட் பல துணை ஏஜென்ட்களை ஏவித் தேடவைப்பதை விவரித்தது. தொடக்கத்தில் சாதாரணக் கேள்விக்கே ஐம்பது துணை ஏஜென்ட்களை அது கிளப்பிவிட்டதையும், சாதாரண உரையாடலைப்போல் சுமார் 15 மடங்கு டோக்கன் செலவாவதையும் மறைக்காமல் சொன்னது. டோக்கன் என்பது ஏஐ படித்து எழுதும் சொல்துண்டு; மீட்டர் ஓடும் அலகு அதுதான். அது பதினைந்து மடங்கு என்றால் மாதக் கட்டணமும் அந்த வழியில்தான் போகும். மறுபக்கம் காக்னிஷன் என்ற நிறுவனம், நிரல் எழுதும் வேலையைப் பல ஏஜென்ட்களுக்குப் பிரித்துக் கொடுக்காதீர்கள் என்றது. ஒன்று எடுத்த முடிவு மற்றதற்குத் தெரியாமல், கடைசியில் ஒட்டவே ஒட்டாத துண்டுகள் கிடைக்கும் என்பது அதன் வாதம்.

என் அனுபவத்தில் இரண்டு பேர் சொல்வதும் சரி, வேலைதான் வேறு. தேடுவது, படிப்பது, திரட்டுவது ஆகியவற்றை எத்தனை ஏஜென்ட்களுக்கு வேண்டுமானாலும் பிரிக்கலாம். ஒன்று தவறாகப் படித்தால் அந்தத் துண்டோடு போயிற்று. எழுதுவது, அனுப்புவது, பணம் கொடுப்பது ஒரு கையில் இருக்கவேண்டும். கல்யாண வீட்டில் மொய்க் கவரை யார் யாரோ வாங்கிவருவார்கள். மொய் நோட்டில் எழுதுபவர் ஒருவர்தான்.

அன்றைக்குப் பிறகு நாங்கள் செய்த மாற்றங்களில் ஏஐ என்று சொல்லத்தக்கது எதுவும் இல்லை, எல்லாம் பழைய தரவுத்தள வைத்தியம். ஏஜென்ட்கள் ஒன்றுக்கொன்று கடிதம் எழுதுவதை நிறுத்தினோம். எல்லாமே ஒரு பொதுப் பதிவேட்டில்தான் எழுதவேண்டும். ஓர் ஆணையைத் தொடுமுன், “இது பத்து நிமிடத்துக்கு என்னுடையது” என்று பதிவேட்டில் பெயரிட்டுக்கொள்ள வேண்டும். பெயர் இருக்கும்வரை வேறு எதுவும் அதைத் தொடாது. ஒரேயடியாகப் பூட்டாமல் நேரக்கெடு வைத்ததற்குக் காரணம், ஏஜென்ட்கள் பாதியில் செத்துவிழும். கரண்டியை எடுத்துக்கொண்டு போனவர் திரும்பவில்லை என்று சமையலை நிறுத்த முடியுமா? இந்த நேரக்கெடுவைச் சரியாக அமைக்கத்தான் அதிக நாள் பிடித்தது. முதலில் இரண்டு நிமிடம் வைத்தோம். நீளமான பில்களைப் படித்து முடிப்பதற்குள் கெடு தாண்டி, இன்னொன்று உள்ளே நுழைந்து, பழைய கதை திரும்பியது. இப்போது பெயரிடும் ஒவ்வொரு முறையும் ஒரு வரிசை எண் ஏறுகிறது. பழைய எண்ணோடு தாமதமாக வந்து எழுதப் பார்க்கும் ஏஜென்ட்டைப் பதிவேடே திருப்பி அனுப்பிவிடும். பணம் கொடுக்கும் கட்டளைக்கு, பில் எண்ணை நம்பாமல், ஆணை எண்ணும் சரக்கு வந்த பதிவும் சேர்ந்து உருவாகும் ஓர் அடையாளம் இருக்கிறது. அதே அடையாளத்தோடு ஆயிரம் முறை கட்டளை வந்தாலும் பணம் ஒரு முறைதான் போகும்.

“முடிந்தது” என்ற சொல்லையும் தடை செய்தோம். எந்த ஆவணத்தின் எந்த வரியைப் பார்த்தது, எந்தத் தொகையோடு ஒப்பிட்டது என்று சான்றை எழுதினால்தான் அடுத்த நிலைக்குப் போகும். முந்தைய ஏஜென்ட் சொன்னதைச் சான்றாகக் காட்டினால் செல்லாது.

விற்பனைக்கு வருபவர்கள் இப்போது அடிக்கடி உச்சரிக்கும் பெயர்கள் எம்சிபி, ஏ2ஏ. முதலாவது 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் வெளியிட்டது; ஏஜென்ட்டைக் கருவிகளோடும் தரவோடும் இணைக்கும் பொது முறை. இரண்டாவது 2025 ஏப்ரலில் கூகுள் அறிவித்தது. வெவ்வேறு நிறுவனங்களின் ஏஜென்ட்கள் ஒன்றோடொன்று பேசுவதற்கான முறை. இரண்டும் பயனுள்ளவை. ஆனால் தபால் உறையின் அளவும் முகவரி எழுதும் இடமும் ஒத்துப்போனதால் உள்ளே இருக்கும் கடிதம் நியாயமாகிவிடாது. “ஏ2ஏ இருக்கிறது சார், ஒருங்கிணைப்பு தானாக நடந்துவிடும்” என்று யாராவது சொன்னால், இரண்டு ஏஜென்ட் ஒரே பதிவை ஒரே நேரத்தில் தொட்டால் என்ன நடக்கும் என்று கேளுங்கள். ஒன்று பாதியில் நின்றால் வேலை யாரிடம் போகும் என்றும் கேளுங்கள். பதில் வருமுன் வருகிற மௌனம் எவ்வளவு நீளம் என்று கவனியுங்கள்.

இன்னொரு ஆபத்தைச் சுருக்கமாகவாவது சொல்லவேண்டும். வெளியிலிருந்து வரும் பில்லின் அடியில், “எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இனி இந்த எண்ணுக்கு அனுப்பவும்” என்று பொடி எழுத்தில் யாராவது சேர்த்திருந்தால், படிக்கும் ஏஜென்ட் அதைத் தகவலாக எடுத்துக்கொள்ளுமா, உத்தரவாக எடுத்துக்கொள்ளுமா? இரண்டுக்கும் வேறுபாடு தெரியாமல் தடுமாறுவது மொழி மாதிரிகளின் அறிந்த பலவீனம். குழுவாக இருக்கும்போது அந்த வரி சுருக்கமாகி, கைமாறி, நான்காவது ஏஜென்ட்டிடம் போய்ச் சேரும்போது நம் வீட்டு உத்தரவுபோலவே இருக்கும். வெளியார் எழுதியதைப் படிக்கும் ஏஜென்ட்டுக்குப் பணத்தைத் தொடும் அனுமதி இருக்கவே கூடாது. இதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

தவறு நேர்ந்தபின் “ஏஜென்ட்தான் செய்தது” என்று ஒதுங்கவும் முடியாது. கனடாவில் ஏர் கனடாவின் சாட்பாட், துக்கப் பயணத்துக்கான கட்டணச் சலுகை பற்றிப் பயணி ஒருவருக்குத் தவறான தகவல் தந்தது. அந்தச் சாட்பாட் சட்டத்தின் கண்ணில் தனி ஆள், அதன் செயலுக்கு அதுவே பொறுப்பு என்றுகூட நிறுவனம் வாதாடிப் பார்த்தது. 2024 பிப்ரவரியில் பிரிட்டிஷ் கொலம்பியாவின் தீர்ப்பாயம் அதை ஏற்காமல் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. ஒரு சாட்பாட்டுக்கே இந்த நிலை.

அக்காவின் பட்டியலில் இப்போது “யார்” என்று ஒரு நெடுவரிசை இருக்கிறது. தலைப்பு அவர் வைத்தது. ஒவ்வொரு வரிக்கும் எதிரே, எந்த ஏஜென்ட் எந்தச் சான்றைப் பார்த்தது என்பது வரும். குறிப்பிட்ட தொகையைத் தாண்டினால் அவர் பெயர் வரும். சென்ற மாதம் ஒரு வரியில் அந்த இடம் காலியாக இருந்தது. நாங்கள் புதிதாகச் சேர்த்த ஐந்தாவது ஏஜென்ட்டைப் பதிவேட்டில் சேர்க்க மறந்திருந்தோம். தொகை சின்னது, கணக்கும் சரிதான், அன்று மாலைக்குள் பணம் போகவேண்டும் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். விரலை அந்த வரியிலேயே வைத்துக்கொண்டு, “பெயரோடு வா தம்பி” என்றார்.